அந்த நேரத்துல வர மாட்டேங்குது

(பெற்றோர் வகுப்பு நடத்தும் பயிற்றுநர்களுக்காக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

பல வருஷமாகப் பெற்றோர் வகுப்பு நடத்துகிறேன். எட்டு வாரம் ஒரு நாள்கூடத் தவறாமல் வந்து, எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்ட ஒரு தாய், கடைசி நாளில் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "நீங்க சொன்னது எல்லாமே தெரியும் மேடம். நோட்டுல இருக்கு. ஆனா அந்த நேரத்துல வர மாட்டேங்குது."

நோட்டை வாங்கிப் பார்த்தேன். அழகான கையெழுத்து. தலைப்புகளுக்குச் சிவப்பு மையில் அடிக்கோடு. "குழந்தை குரலை உயர்த்தினால் நாம் குரலைத் தாழ்த்த வேண்டும்" என்று நான் சொன்னது வார்த்தை மாறாமல் இருந்தது. முந்தின நாள் ராத்திரி, வீட்டுப்பாடம் எழுத மறுத்த ஏழு வயது மகளிடம் அவர் கத்தித் தீர்த்திருக்கிறார். குழந்தை அழுதபடியே தூங்கின பிறகுதான் இந்த வரி ஞாபகத்துக்கு வந்ததாம்.

அவர் சொன்ன "அந்த நேரம்" பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

நாம் பாடம் நடத்துவது அமைதியான அறையில். நாற்காலி, வெள்ளைப் பலகை, நிதானமான குரல். பாடம் தேவைப்படுவதோ, பிள்ளை தரையில் புரண்டு அழும்போது, வேலைக்கு நேரமாகிவிட்டபோது, நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது. மன அழுத்தம் ஏறினால், யோசித்து முடிவெடுக்க உதவும் முன்மூளைப் பகுதியின் பிடி தளர்ந்துவிடுகிறது. அப்போது கைக்கு வருவது பழகிப்போன வழிதான். பெற்றோருக்குப் பழகிப்போன வழி எது? தங்கள் அப்பா அம்மா தங்களிடம் நடந்துகொண்ட விதம்.

அது சும்மா பழகினதும் இல்லை. உணர்ச்சி கிளர்ந்திருக்கும்போது நடப்பவை மனதில் அழுத்தமாகப் பதிகின்றன. மூளையில் பாதாம் பருப்பு அளவில் இருக்கும் அமிக்டலா என்ற பகுதிக்கு இதில் பெரிய பங்கு உண்டு என்று நினைவாற்றலை ஆராய்ந்த ஜேம்ஸ் மெக்காவும் அவரோடு வேலை செய்தவர்களும் பல ஆண்டு ஆய்வுகளில் காட்டியிருக்கிறார்கள். ஆக, முப்பது வருஷத்துக்கு முன்னால் பயத்தோடு பதிந்த பாடம் ஒரு பக்கம், போன வாரம் நோட்டில் ஏறின பாடம் இன்னொரு பக்கம். ராத்திரி ஒன்பது மணிக்கு எது ஜெயிக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

வயதுவந்தோர் கல்வி பற்றி எழுதிய மால்கம் நோல்ஸ், பெரியவர்கள் வகுப்புக்குக் கொண்டுவரும் அனுபவம்தான் அவர்கள் கற்பதற்கு முக்கியமான ஆதாரம் என்றார். அந்த அனுபவத்துக்குள் காயமும் அடக்கம் என்று நான் சேர்த்துக்கொள்வேன். நடனமோ கணினியோ கற்க வருகிற பெரியவருக்கும் தயக்கம் இருக்கும். ஆனால் பெற்றோர் வகுப்புக்கு வருகிறவர் தன் குழந்தைப் பருவத்தையும் கூடவே கூட்டிக்கொண்டு வருகிறார். ஒரே நாற்காலியில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதை நான் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். ஒரு வகுப்பில் கதவுக்குப் பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு ஒரு தந்தை உட்கார்ந்திருந்தார். அடிப்பதால் வரும் கெடுதல்களைப் பற்றி நான் பேசிக்கொண்டிருந்தபோது நடுவில் கேட்டார்: "எங்கப்பா என்னை அடிச்சுத்தான் வளர்த்தாரு. நான் நல்லாத்தானே இருக்கேன்?"

நான் ஆராய்ச்சிகளை எடுத்துச் சொன்னேன். அடி வாங்கும் குழந்தைகளிடம் முரட்டுத்தனமும் பதற்றமும் கூடுவதை, பொறுமையாக, ஒன்றுவிடாமல் விளக்கினேன். சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. அடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

அவர் இடத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். என் பாடத்தை அவர் ஏற்றுக்கொண்டால் கூடவே இரண்டு விஷயங்களை ஏற்க வேண்டும். தன் மகனுக்குத் தான் கெடுதல் செய்திருப்பது ஒன்று. அது பரவாயில்லை, திருத்திக்கொள்ளலாம். தான் மதிக்கிற, ஒருவேளை உயிரோடுகூட இல்லாத தன் அப்பா தனக்குக் கெடுதல் செய்தார் என்பது இன்னொன்று. முன்பின் தெரியாத பதினைந்து பேர் நடுவில், பத்து நிமிஷத்தில் இதை ஏற்கச் சொன்னேன். கையைக் கட்டிக்கொள்ளாமல் என்ன செய்வார்? அதை எதிர்ப்பு என்று நினைத்தேன். அது வெட்கம்.

நண்பர்களே, பெற்றோர் வகுப்பில் நம் முன்னால் இருக்கும் பெரிய உணர்ச்சி இந்த வெட்கம்தான். கோபமும் சலிப்பும் மேலே தெரியும். கீழே "நான் நல்ல அம்மா இல்லை", "நான் நல்ல அப்பா இல்லை" என்பது இருக்கும். வெட்கப்படுகிறவருக்கு அறிவுரை சொன்னால் அது அறிவுரையாகக் காதில் விழாது, குற்றச்சாட்டாகத்தான் விழும். பெரியவர்களின் பார்வை எப்படி மாறுகிறது என்பதை, கல்லூரிக்குத் திரும்பிய பெண்களை வைத்து ஆராய்ந்த ஜாக் மெசிரோ, 1978-ல் அந்த மாற்றத்தின் படிகளை எழுதினார். பழைய புரிதல் ஆட்டம் காண்பது முதல் படி. குற்ற உணர்வோ வெட்கமோ கலந்த சுயபரிசோதனை அதற்கு அடுத்தது. மாறும் பாதையிலேயே வெட்கத்துக்கு ஓர் இடம் இருக்கிறது. அந்த இடத்தில் ஆளைத் தனியே விட்டால் அவர் திரும்பிப் போய்விடுவார்.

1975-ல் குழந்தைகள் மனநல நிபுணர் செல்மா ஃப்ரைபெர்க்கும் அவருடைய சகாக்களும் எழுதிய ஒரு கட்டுரையில் வரும் தாயை என்னால் மறக்க முடியவில்லை. கைக்குழந்தை வீறிட்டு அழுகிறது. தாய் அதே அறையில், வெறித்த பார்வையோடு உட்கார்ந்திருக்கிறாள். பார்க்கிறவர்களுக்குப் பதறுகிறது. எழுந்துபோய்க் குழந்தையைத் தூக்கு என்று சொல்லத்தான் நமக்கெல்லாம் வாய் வரும். அவர்கள் வேறு கேள்வி கேட்டார்கள்: இந்தத் தாய்க்கு ஏன் அழுகை கேட்கவில்லை? அவள் வீட்டுக்கே போய் உட்கார்ந்து, அவள் கதையைக் கேட்டார்கள். சின்ன வயதில் கைவிடப்பட்டவள். அவளுடைய அழுகையை யாரும் கேட்டதில்லை. அந்தத் துயரத்தைச் சொல்லி அவள் அழ, கேட்க ஆள் இருந்தது. அப்புறம் மெல்ல மெல்ல, அவளாகவே குழந்தையை எடுத்து அணைக்கத் தொடங்கினாள்.

நாம் மனநல சிகிச்சை தருகிறவர்கள் இல்லை, அந்த வேலையை வகுப்பில் செய்யவும் கூடாது. ஆனால் அந்த வரிசையை எடுத்துக்கொள்ளலாம்: முதலில் கேட்பது, பிறகு சொல்வது.

இதை வகுப்பில் எப்படிக் கொண்டுவருவது? அமெரிக்காவில் உருவான 'பாதுகாப்பு வட்டம்' என்ற பெற்றோர் பயிற்சியில் ஓர் உத்தி உண்டு. கடற்கரையை நோக்கிப் போகும் ஒரு காட்சியைக் காட்டுவார்கள். பின்னணியில் இதமான இசை. பார்க்கிறவர்கள் லேசாகச் சாய்ந்து உட்காருவார்கள். பிறகு அதே காட்சி, சுறா வரப்போவதைப் போன்ற திகில் இசையோடு. இந்த முறை தோள்கள் இறுகும். தண்ணீர் அதே தண்ணீர், மணல் அதே மணல். குழந்தை அழும்போது உங்களுக்குள் எந்த இசை ஓடுகிறது என்பதுதான் பாடம். அழுகையைக் கேட்டதும் பயப்படும் தாய்க்கு, ஆபத்து அழுகையில் இல்லை, தனக்குள் ஓடும் பழைய இசையில் இருக்கிறது என்று பிடிபடுகிறது. யாரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை. அவராகவே கண்டுபிடித்துக்கொள்கிறார்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு என் வகுப்பை மாற்றினேன். விதிகளைப் பாதியாகக் குறைத்தேன். மீதி நேரத்தில் நடித்துப் பார்க்கிறோம். ஒருவர் பிடிவாதம் பிடிக்கும் பிள்ளை, ஒருவர் பெற்றோர். கோபம் ஏறும் இடம் வந்ததும் நிறுத்துவேன். "இப்போ உடம்புல எங்க தெரியுது?" என்று கேட்பேன். தாடை என்பார் ஒருவர், வயிறு என்பார் இன்னொருவர். "இதுக்குப் பேர் வைங்க" என்பேன். முதலில் எல்லோரும் கோபம் என்றுதான் சொல்வார்கள். கொஞ்சம் பொறுத்தால், பயம், அவமானம், களைப்பு என்று பெயர்கள் மாறும். 2007-ல் மேத்யூ லீபர்மனின் குழு நடத்திய மூளைப் படப் பரிசோதனையில், முகத்தில் தெரியும் உணர்ச்சிக்குச் சொல் கொடுக்கும்போது அமிக்டலாவின் கொதிப்பு தணிவது தெரிந்தது. அதைப் படிக்கும் முன்பே வகுப்பில் பார்த்திருந்தேன்: சரியான பெயர் கிடைத்ததும் மூச்சு மாறும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். உணர்ச்சி முக்கியம் என்றதும் அரங்கத்தையே அழவைக்கும் பேச்சாளர்கள் இருக்கிறார்கள். விளக்கை அணைத்து, தாய்ப்பாசம் பற்றி உருகிப் பேசி, ஆயிரம் பேரைக் கண்ணீரோடு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. அங்கே அழுதவருக்குக் குற்ற உணர்வு கூடுகிறது, வழி கிடைப்பதில்லை. கிளறிவிட்டவர் கூடவே இருந்து ஆற்றவும் வேண்டும். அதற்கு நேரம் இல்லையென்றால் கிளறவே கூடாது. வகுப்பில் யாராவது அழுதால் பாடத்தை நிறுத்துகிறேன், அவசரமாகத் தேற்றுவதில்லை. அவர் விரும்பினால் பேசுவார், இல்லையென்றால் வேண்டாம். எல்லோர் முன்னாலும் பேசியே ஆக வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது.

அப்புறம், நிம்மதி. அதுவும் ஓர் உணர்ச்சிதானே. எட்வர்ட் ட்ரானிக் கைக்குழந்தைகளையும் தாய்மார்களையும் கூர்ந்து பார்த்தவர். நன்றாக ஒட்டிப்போகும் தாயும் குழந்தையும்கூட ஒருவரோடு ஒருவர் இசைந்திருப்பது சுமார் 30 சதவீத நேரம்தான் என்றார். மீதி நேரம் தவறுவதும், மறுபடி சேர்வதும். குழந்தைக்குத் தெம்பு கொடுப்பது அந்த மறுபடி சேர்வதுதான். இதைச் சொல்லும்போது பெற்றோரின் முகத்தைப் பார்க்க வேண்டும் நீங்கள். நெற்றிச் சுருக்கம் விடும். யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "அப்போ நேத்து கத்தினதுக்கு இன்னைக்கு ஸாரி சொன்னா, லேட் இல்லையா?" இல்லை என்று சொல்வேன். அந்த நிமிஷத்திலிருந்துதான் பலருக்குப் பாடமே தொடங்குகிறது.

அந்த நோட்டுத் தாய் மறுபடி வந்து சேர்ந்தார். இந்தத் தடவை நோட்டு எடுத்துவரவில்லை. மூன்று வாரம் அதிகம் பேசவும் இல்லை. நான்காவது வாரம் அவராகவே கையைத் தூக்கினார்.

"நேத்து மறுபடி அதே வீட்டுப்பாடம் மேடம். தொண்டை வரைக்கும் வந்துடுச்சு. 'அம்மாவுக்குக் கோபம் வருது, தண்ணி குடிச்சிட்டு வரேன்'னு சொல்லிட்டு எழுந்து போயிட்டேன். திரும்பி வந்து பாத்தா, அவளா ரெண்டு கணக்கு போட்டு வச்சிருக்கா."

பக்கத்தில் இருந்தவர் கேட்டார்: "சரியா இருந்துச்சா?"

"ரெண்டும் தப்பு. பரவாயில்ல, காலைல பாத்துக்கலாம்னு ரெண்டு பேரும் தூங்கிட்டோம்."