குழந்தை ஒரு படி முன்னால் நிற்கட்டும்

(சிறார் கதை எழுத வந்தவர்களுக்கான பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். குழந்தைகளுக்கான கதையில் நகைச்சுவையை எப்படி எழுதுவது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். நம் எல்லாருக்கும் தெரிந்த இரண்டு கதைகளை எடுத்துப் பிரித்துப் பார்க்கலாம் என்று வந்திருக்கிறேன். இத்தனை தலைமுறைப் பிள்ளைகளை அவை எப்படிச் சிரிக்க வைத்தன என்று தெரிந்துவிட்டால் நமக்கு வேண்டியதில் பாதி கிடைத்துவிடும்.

முதலில் பரமார்த்த குரு. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் தமிழில் எழுதியது. 1822இல் லண்டனில் அச்சானது. குருவும் ஐந்து சீடர்களும் ஓர் ஆற்றங்கரைக்கு வருகிறார்கள். ஆறு பொல்லாதது, அது தூங்கும்போதுதான் கடக்க வேண்டும் என்று முடிவு செய்கிறார்கள். ஒரு சீடன் எரிகிற கொள்ளிக்கட்டையோடு போய் அதைத் தண்ணீரில் வைக்கிறான். 'சுர்ர்' என்று புகைகிறது. ஐயோ, ஆறு முழித்துக்கொண்டிருக்கிறது! விழுந்தடித்து ஓடிவருகிறான். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு சீடன் போகிறான். கையில் அதே கட்டை, இப்போது அணைந்துபோன கட்டை. தண்ணீரில் வைத்தால் சத்தமே இல்லை. சரி, ஆறு தூங்கிவிட்டது, கிளம்பலாம்!

இந்தச் சீடர்கள் யோசிக்காதவர்கள் இல்லை. சோதனை செய்து பார்க்கிறார்கள், முடிவுக்கு வருகிறார்கள், அதன்படி நடக்கிறார்கள். தொடக்கத்தில் ஒரே ஒரு தப்பு: ஆறு தூங்கும் என்று நம்பியது. அதற்குப் பிறகு எல்லாம் கணக்காகத்தான் போகிறது. முட்டாள் பாத்திரம் எழுதும் பலர் அவனை எல்லா விஷயத்திலும் உளறவிடுகிறார்கள். செருப்பைத் தலையில் வைக்கிறான், சுவரில் முட்டிக்கொள்கிறான், காரணமில்லாமல் விழுகிறான். இரண்டு பக்கத்துக்குள் பிள்ளைகளுக்கு அலுத்துவிடும். அவனுக்கு ஒரு தப்பான நம்பிக்கையை மட்டும் கொடுங்கள். அதிலிருந்து அவன் முழு அக்கறையோடு, நேர்மையாக யோசிக்கட்டும். தான் வேடிக்கையாக இருக்கிறோம் என்பது மட்டும் அவனுக்குத் தெரியவே கூடாது.

ஆற்றைக் கடந்த பிறகு வருவது இன்னும் அருமை. எல்லாரும் வந்துவிட்டோமா என்று ஒரு சீடன் எண்ணுகிறான். ஐந்து பேர்தான். தன்னை எண்ணவில்லை! ஒருவனை ஆறு விழுங்கிவிட்டது என்று எல்லாருமாக அழுகிறார்கள். இந்த இடத்தை வகுப்பில் சொல்லிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பிள்ளைகள் சும்மா உட்கார மாட்டார்கள். "அவன விட்டுட்டான்! அவன எண்ணல!" என்று கத்துவார்கள். கதைக்குள் இருக்கும் ஆறு பெரியவர்களுக்குத் தெரியாதது ஆறு வயதுப் பிள்ளைக்குத் தெரிகிறது.

இன்று நான் சொல்ல வந்த விஷயமே இதுதான். நாள் முழுக்கப் 'பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது' என்றுதான் கேட்டுக்கொண்டிருக்கிறது குழந்தை. சட்டைப் பொத்தானைத் தப்பாகப் போட்டால் திருத்துகிறோம், எழுத்தைத் தப்பாக எழுதினால் திருத்துகிறோம். கதைக்குள் ஒரு பெரிய மனிதர் தப்பு செய்கிறார், அதைத் திருத்தும் இடத்தில் குழந்தை நிற்கிறது என்றால் அந்தச் சந்தோஷத்துக்கு ஈடு கிடையாது. ரஷ்ய எழுத்தாளர் கோர்னேய் சுகோவ்ஸ்கி தன் மகளைப் பற்றி எழுதியிருக்கிறார். இரண்டு வயது நிரம்பாத அந்தக் குழந்தை ஒருநாள் அவரிடம் வந்து, நாய் 'மியாவ்' என்கிறது என்று சொல்லிவிட்டுச் சிரித்ததாம். எந்த மிருகம் எப்படிக் கத்தும் என்பது நன்றாகப் பதிந்த பிறகுதான் அதைத் தலைகீழாக்கி விளையாட அந்தக் குழந்தையால் முடிந்தது.

ஆகவே, எந்த வயதுக்கு எழுதுகிறீர்களோ அந்த வயதுப் பிள்ளைகள் அண்மையில் எதைக் கற்று முடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். எண்ணிக்கை, நிறம், கிழமை, மணி பார்ப்பது, செருப்பில் இடது வலது. நகைச்சுவையை அங்கே வையுங்கள். எண்ணத் தெரியாத மூன்று வயதுக் குழந்தையிடம் பரமார்த்த குருவின் எண்ணிக்கை எடுபடாது. பத்து வயதுப் பிள்ளையிடம் நாய் 'மியாவ்' என்றால் ஒரு பார்வை பார்க்கும்.

அடுத்தது கொழுக்கட்டைக் கதை. மாமியார் வீட்டில் கொழுக்கட்டை சாப்பிட்ட மாப்பிள்ளை, பெயர் மறந்துவிடக் கூடாதே என்று 'கொழுக்கட்டை, கொழுக்கட்டை' எனச் சொல்லிக்கொண்டே ஊருக்கு நடக்கிறான். வழியில் ஒரு வாய்க்கால். 'அத்திரிபாச்சா' என்று தாண்டுகிறான். அவ்வளவுதான், அந்தப் பக்கம் இறங்கும்போது வாயில் இருப்பது அத்திரிபாச்சா!

இதை எழுதுகிறவர்கள் செய்யும் சிக்கனம் எனக்குப் பிடிப்பதில்லை. "கொழுக்கட்டை என்று பலமுறை சொல்லியபடி நடந்தான்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். கூடாது. வயல் வரப்பில் கொழுக்கட்டை, மாட்டுவண்டிக்கு ஒதுங்கி நிற்கும்போது கொழுக்கட்டை, எதிரே வந்தவர் "எங்கப்பா போயிட்டு வர்ற?" என்று கேட்டதற்கும் கொழுக்கட்டை. குழந்தை கூடச் சேர்ந்து சொல்லத் தொடங்க வேண்டும். நாக்கு அந்தத் தாளத்துக்குப் பழகிய பிறகுதான் வாய்க்கால் வர வேண்டும். அத்திரிபாச்சா என்ற ஓசைக்கே பிள்ளைகள் சிரிப்பார்கள். கொழுக்கட்டையின் கனமான ஓசைக்குப் பக்கத்தில் அது துள்ளுகிறது.

ஆனால் கதையின் முடிவு நாம் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய இடம். வீட்டுக்குப் போய் அத்திரிபாச்சா கேட்கிறான், மனைவிக்குப் புரியவில்லை, அடித்துவிடுகிறான். அவள் முகம் வீங்குகிறது. பக்கத்து வீட்டுக்காரி வந்து, "அடப்பாவி, கன்னம் கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருக்கே" என்கிறாள். அவனுக்குப் பெயர் ஞாபகம் வந்துவிடுகிறது. நம் பாட்டிகள் இப்படித்தான் சொன்னார்கள். இன்று ஒரு குழந்தைக்கு இதை அப்படியே கொடுக்க எனக்கு மனம் வராது. அப்பா அம்மாவை அடிக்கும் வீட்டிலிருந்து வரும் பிள்ளையும் அந்தக் கதையைக் கேட்டுக்கொண்டிருக்கும்.

கதையைத் தூக்கி எறியவும் வேண்டாம். கதைக்குத் தேவை ஒரு வீக்கம், அதைப் பார்த்து ஒருவர் சொல்லும் ஒரு வார்த்தை. அந்த வீக்கத்தை மாப்பிள்ளைக்கே கொடுத்துவிடலாம். கோபத்தில் திரும்பி விறுவிறு என்று வெளியே போகிறான், நிலைப்படி இடித்து நெற்றி புடைக்கிறது. மனைவி ஓடிவந்து, "ஐயையோ, கொழுக்கட்டை மாதிரி வீங்கிடுச்சே!" என்கிறாள். "அதேதான்! அதைத்தான் கேட்டேன்!" கதை எங்கேயும் குறையவில்லை. மறந்தவன் தலையிலேயே அது விடிவதால் இன்னும் பொருத்தமாகவும் இருக்கிறது.

யார் மேல் சிரிப்பு விழுகிறது என்பதை எழுதும்போது ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ளுங்கள். ராஜா, குரு, பணக்காரர், புலி, தலைமையாசிரியர், எல்லாம் தெரியும் என்று நினைக்கும் மாமா: இவர்கள் மேல் விழலாம், தாராளமாக. குண்டு, கறுப்பு, திக்குவாய், கிராமத்துப் பேச்சு என்று தொடங்கினால் பேனாவை மூடிவிடுங்கள். சினிமாவில் பார்த்துப் பார்த்து அது நம் கைக்கு எளிதாக வரும். வகுப்பே சிரிக்கும்போது ஒரு பிள்ளை மட்டும் தலையைக் குனிந்துகொண்டால், அந்தச் சிரிப்பு நமக்கு வேண்டாம்.

வாக்கியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழில் வினை கடைசியில் வருவதால், சிரிப்பு வர வேண்டிய சொல் நடுவில் சிக்கிக்கொள்ளும். பரமார்த்த குருவுக்குக் குதிரை வாங்கச் சீடர்கள் போகும் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். "பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று நினைத்து வாங்கிக்கொண்டு வந்தார்கள்" என்று எழுதினால் முட்டை பாதி வழியிலேயே உடைந்துவிடுகிறது. இப்படி எழுதிப் பாருங்கள்: "சந்தையிலிருந்து சீடர்கள் வந்தார்கள். தலையில் பெரிதாக என்னவோ இருந்தது. 'குருவே, குதிரை கிடைக்கவில்லை. ஆனால் முட்டை கிடைத்தது!'" உரையாடலைப் பேச்சுத் தமிழில் வைத்தால் இன்னும் நல்லது. 'என்னடா இது' என்று குருவே கேட்கலாம், தப்பில்லை.

படக்கதை எழுதுகிறவர்களுக்கு இதைவிட நல்ல வசதி இருக்கிறது. எழுத்தில் "இது குதிரை முட்டை" என்றே இருக்கட்டும். படத்தில் பூசணிக்காய், காம்போடு, ஒரு இலையோடு. எங்கேயும் பூசணிக்காய் என்று எழுதாதீர்கள். படிக்கத் தெரியாத குழந்தை படத்தைப் பார்த்துவிட்டு, வாசித்துக் காட்டும் அம்மாவைத் திருத்தும். முட்டை விழுந்து உடைவதை வலப்பக்கத்தின் கடைசி வரியில் வைத்தால், பக்கத்தைத் திருப்பியதும் புதரிலிருந்து முயல் பாயும். சீடர்கள் அதைக் குதிரைக்குட்டி என்று துரத்துவார்கள். ஓவியரிடம் கதையைக் கொடுக்கும்போதே இந்தப் பக்கப் பிரிப்பையும் எழுதிக் கொடுங்கள். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டால் விழுவதும் பாய்வதும் ஒரே பக்கத்தில் வந்து நிற்கும்.

அப்புறம், கடைசியில் 'இக்கதையால் அறியப்படும் நீதி' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிப் பதிப்பாளர்கள் கேட்பார்கள். மரியாதையாக மறுத்துவிடுங்கள். அதுவரை மேலே நின்ற குழந்தையை அந்த ஒரு வரி மறுபடி பெஞ்சில் உட்காரவைத்துவிடும்.

நீங்கள் எழுதிக்கொண்டு வந்த பக்கங்களை இப்போது எடுங்கள். ஒருவர் எழுதியதை வேறொருவர் உரக்க வாசிக்கட்டும். வாசிப்பவர் எங்கே தடுக்குகிறார், கேட்பவர்களுக்கு எங்கே முன்கூட்டியே விஷயம் தெரிந்துவிடுகிறது என்று எழுதியவர் குறித்துக்கொள்ளட்டும். முதல் வரிசையிலிருந்து ஆரம்பிக்கலாம்.