கரண்ட் போனால் கேட்கிற சத்தம்

நேயர்களுக்கு வணக்கம்.

தீபாவளி முடிந்த அடுத்த வாரம் எங்கள் பரிசோதனை அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார இடம் இருக்காது. கை சுட்டவர்களும் கண்ணில் பொறி பட்டவர்களும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடிவிடுகிறார்கள். காதில் அடிபட்டவர்கள் அப்படி வருவதில்லை. வெளியே காயம் தெரியாது, பெரும்பாலும் ரத்தமும் வராது. நாளைக்குச் சரியாகிவிடும், நாளை மறுநாள் சரியாகிவிடும் என்று பொறுத்துப் பார்த்துவிட்டு, தூக்கம் கெட்ட பிறகுதான் வருகிறார்கள். வந்து உட்கார்ந்ததும் கேட்பதும் அநேகமாக ஒரே கேள்விதான். "மேடம், காதுக்குள்ளே ஞொய்ங்குன்னு ஒரு சத்தம். இது நிக்குமா, நிக்காதா?"

நான் ஆடியாலஜிஸ்ட். காது எவ்வளவு கேட்கிறது என்று அளந்து சொல்வதும், கேட்பதில் வரும் சிக்கல்களோடு வாழப் பழக்குவதும் என் வேலை. 'டாக்டரம்மா' என்றுதான் கூப்பிடுகிறார்கள், திருத்தித் திருத்திச் சலித்துவிட்டது. மருந்து எழுதுகிறவர் காது மூக்கு தொண்டை மருத்துவர். நான் பேசப்போவது அந்த ஞொய்ங் சத்தத்தைப் பற்றி.

அது எல்லோருக்கும் ஒரே மாதிரி கேட்பதில்லை. சிலருக்கு விசில், சிலருக்குச் சில்வண்டு, சிலருக்குக் குக்கர் ஆவி வெளியேறுகிற இரைச்சல். அடிபட்ட விதமும் பலவகை. நம் நாட்டு விதிப்படி, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி நின்று அளந்தால் 125 டெசிபலுக்கு மேல் சத்தம் தரும் பட்டாசைத் தயாரிக்கவும் கூடாது, விற்கவும் கூடாது. 1999-லிருந்து இந்த விதி இருக்கிறது. சரி, 4 மீட்டர் தள்ளி யார் நிற்கிறார்கள்? திரி அணைந்துவிட்டதா என்று குனிந்து பார்க்கும்போது அணுகுண்டு வெடித்துத்தான் பாதிப் பேர் வருகிறார்கள்.

இன்னொரு வகை, கன்னத்தில் விழும் அறை. உள்ளங்கை காதை மூடியபடி விழும்போது உள்ளே அடைபடும் காற்று செவிப்பறையைக் கிழித்துவிடும். அடிக்கிறவர் வலது கைக்காரராக இருந்தால் கிழிவது பெரும்பாலும் இடது காது. கதவு இடித்துவிட்டது, மாடு முட்டிவிட்டது என்று சொல்வார்கள். பக்கத்திலேயே கணவர் நின்றுகொண்டிருப்பார். பரிசோதனை அறைக்குள் ஒருவரைத்தான் உட்கார வைப்போம் என்பது இந்த இடத்தில் ஒரு வசதி, கதவைச் சாத்திய பிறகு கேட்டால் சிலர் உண்மையைச் சொல்வார்கள். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் யாருக்காவது அப்படி நடந்திருந்தால், பெண்களுக்கான 181 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். மருத்துவரிடமும் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். கதவு இடித்த காதையும் கை அறைந்த காதையும் அவர் வேறுவேறாகத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

அப்புறம் ஹேர்பின், சேஃப்டி பின், தீக்குச்சி, கோழி இறகு. இவற்றைப் பற்றி நான் தனியாக வேறு சொல்ல வேண்டுமா?

எப்படி அடிபட்டிருந்தாலும் முதல் வேலை ஒன்றுதான். ஓரிரு நாளுக்குள் காதை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். திடீரென்று காது கேட்காமல் போய், கூடவே இரைச்சலும் வந்திருந்தால், உள்காது நரம்புப் பகுதி பாதிக்கப்பட்டிருக்கலாம். அதற்கு ஸ்டீராய்டு கொடுத்துப் பார்ப்பார்கள். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. இரண்டு வாரம் தாண்டிவிட்டால் பலன் குறைந்துகொண்டே போகும். நாலைந்து நாள் பொறுத்துப் பார்க்கிற நம் பழக்கம் இந்த இடத்தில்தான் கெடுதல் செய்கிறது.

செவிப்பறையில் ஓட்டை விழுந்திருந்தால் அவ்வளவு பயம் வேண்டாம். சின்ன ஓட்டைகள் பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே மூடிக்கொள்ளும். நாம் செய்ய வேண்டியது தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்வது மட்டும்தான். ஆனால் நம் வீடுகளில் காது என்றதும் கை போவது எண்ணெய்க் கரண்டிக்குத்தான். பூண்டு தட்டிப்போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் கிழிந்த பறை வழியாக நடுக்காதுக்குள் ஊற்றினால் சீழ் பிடிக்கும், மூட வேண்டிய ஓட்டை மூடாது. பாட்டியிடம் சண்டை போட வேண்டியதில்லை. "டாக்டர் பார்க்கட்டும் பாட்டி, அப்புறம் ஊத்தலாம்" என்று சொல்லித் தள்ளிப்போடுங்கள்.

காத்திருக்கவே கூடாத சில நிலைமைகள் உண்டு. தலையில் அடிபட்டுக் காதிலிருந்து ரத்தமோ தண்ணீர் மாதிரி திரவமோ வருவது, தலை சுற்றி நிற்க முடியாமல் போவது, முகம் ஒரு பக்கம் கோணுவது, இதெல்லாம் இருந்தால் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். சத்தம் ஒரே சீராக இல்லாமல் நாடித் துடிப்போடு சேர்ந்து டுப் டுப் என்று கேட்டால், அதையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அது வேறு விஷயம், அதற்குத் தேடிப் பார்க்க வேண்டிய காரணங்களும் வேறு.

சரி, காட்டியாகிவிட்டது. பறை மூடிவிட்டது அல்லது மாத்திரைகள் முடிந்துவிட்டன. பலருக்குச் சத்தம் சில நாளில், சில வாரத்தில் மங்கிப் போய்விடுகிறது. சிலருக்கு நிற்பதில்லை. இனி நான் சொல்வது அவர்களுக்கு.

அந்தச் சத்தம் எங்கே உண்டாகிறது? நம் உள்காதில், நத்தை ஓடு போலச் சுருண்டிருக்கும் பகுதியில், ஒலியை உணர்கிற நுண்மயிர்ச் செல்கள் காதுக்குச் சுமார் 15,000 இருக்கின்றன. பெரிய வெடிச்சத்தம் இவற்றில் ஒரு பகுதியைச் சாய்த்துவிடுகிறது. கோழிக்கு இந்தச் செல்கள் அழிந்தாலும் திரும்ப முளைத்துவிடும், நமக்கு முளைப்பதில்லை. (இயற்கை கோழிக்குக் காட்டிய தயவு!) செத்துப்போன செல்களிடமிருந்து மூளைக்கு எதுவும் வராது. மூளை சும்மா இருக்குமா? நிலையம் சரியாக எடுக்காதபோது வானொலிப் பெட்டி ஒலியைத் தானே கூட்டிக்கொண்டு உஸ்ஸென்று இரைவதைப் போல, கேட்கும் மையங்களும் தங்கள் கூர்மையை ஏற்றிக்கொள்கின்றன. அப்போது வெளியே எதுவும் ஒலிக்காதபோதும் ஒன்று கேட்கிறது. காது கேட்கும் அளவை வரைந்து பார்த்தால், வெடிச்சத்தத்தால் அடிபட்டவர்களுக்கு 4,000 ஹெர்ட்ஸ் என்ற உயர்ந்த சுருதிப் பக்கத்தில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். இரைச்சலின் சுருதியும் பல நேரம் அந்தப் பள்ளத்தை ஒட்டியே இருக்கும்.

நான் எல்லோரிடமும் செய்து காட்டுகிற ஒரு சோதனை உண்டு. ஹெட்போனில் ஓர் ஒலியை மெல்லக் கூட்டிக்கொண்டே போய், "உங்கள் இரைச்சல் அளவுக்கு வந்ததும் கையைத் தூக்குங்கள்" என்பேன். "என் இரைச்சல் மில்லுச் சத்தம் மாதிரி மேடம்" என்று சொன்னவர்கள், ஒலி காதுக்கு எட்டத் தொடங்கிய புள்ளியிலிருந்து ஐந்து, பத்து டெசிபல் ஏற்றியதுமே கையைத் தூக்கிவிடுவார்கள். அது இலை அசைவது போன்ற சத்தம். அவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்கள் படும் பாடும் பொய்யில்லை. ஆனால் அளந்தால் இவ்வளவுதான். ஒரே அளவு இரைச்சலோடு ஒருவர் ஆட்டோ ஓட்டிச் சம்பாதித்துக்கொண்டிருக்கிறார், இன்னொருவர் வேலையை விட்டுவிட்டுக் கட்டிலில் படுத்திருக்கிறார். பாடு எவ்வளவு என்பதைச் சத்தத்தின் அளவு தீர்மானிப்பதில்லை. 'இது ஆபத்து, இதைக் கவனி' என்று மூளை அதன்மேல் குத்தி வைத்திருக்கும் முத்திரைதான் தீர்மானிக்கிறது. பயந்தால் உற்றுக் கேட்கிறோம், உற்றுக் கேட்டால் பெரிதாகக் கேட்கிறது, பெரிதாகக் கேட்டால் இன்னும் பயம். ஆகவே நாம் வேலை செய்ய வேண்டிய இடம் அந்தப் பயம்தான்.

பயம் தலை எடுப்பது ராத்திரியில். பகல் முழுக்க பஸ், கடைவீதி, பிள்ளைகளின் சத்தம் எல்லாம் மூடி வைத்திருந்த இரைச்சல், விளக்கை அணைத்ததும் வெளியே வருகிறது. அதிலும் கரண்ட் போய் மின்விசிறி நின்ற நிமிடத்தில் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தேன் என்று சொல்லாதவர்களே இல்லை. மார்கழியில் மின்விசிறி போடாமல் படுப்பதால் அந்த மாதம் 'அதிகமாயிடுச்சு' என்று வருபவர்களும் உண்டு. இரைச்சல் அதிகமாகவில்லை, சுற்றுப்புறம் அமைதியாகியிருக்கிறது. அவ்வளவுதான். 1953-ல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர், காது நன்றாகக் கேட்கிற 80 பேரைச் சத்தம் புகாத அறையில் சில நிமிடம் உட்கார வைத்துப் பார்த்தார்கள். 94 சதவீதம் பேர் காதுக்குள் ஏதோ சத்தம் கேட்டதாகச் சொன்னார்கள். முழு அமைதியில் காது சும்மா இருப்பதில்லை, யாருக்கும்.

எனவே படுக்கையறையில் முழு அமைதியைத் தேடாதீர்கள். மின்விசிறி ஓடட்டும். குளிர் என்றால் சுவரைப் பார்த்துத் திருப்பிய டேபிள் ஃபேன் போதும். செல்போனில் மழைச் சத்தம், அலைச் சத்தம் கிடைக்கிறது. எதுவும் இல்லாவிட்டால் பழைய வானொலிப் பெட்டியில் இரண்டு நிலையங்களுக்கு நடுவே வரும் இரைச்சலே நல்ல மருந்து. இதை வானொலியில் வந்து சொல்கிறேனே என்று நிலையத்தார் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். வைக்கும் சத்தம் உங்கள் இரைச்சலை முழுங்கிவிடக் கூடாது. அதைவிடக் கொஞ்சம் கம்மியாக, இரண்டும் கலந்து கேட்கிற அளவில் இருக்க வேண்டும். இரைச்சலே காதில் விழாவிட்டால் மூளை அதற்குப் பழகுவது எப்படி? கரண்ட் அடிக்கடி போகிற ஊர் என்றால் பேட்டரியில் ஓடுகிற ஏதாவது ஒன்றைத் தலைமாட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு நேர் எதிரானது பஞ்சு. இரைச்சல் வந்ததும் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்துவிடுகிறார்கள். இங்கிலாந்தில் 2012-ல் வெளியான ஓர் ஆய்வில், 18 பேருக்கு ஒரு காதை மட்டும் ஒரு வாரம் அடைத்து வைத்தார்கள். 14 பேருக்குப் புதிதாக இரைச்சல் கேட்க ஆரம்பித்தது. அடைப்பை எடுத்ததும் போய்விட்டது. உள்ளே வரும் ஒலியைக் குறைத்தால் மூளை கூர்மையை ஏற்றிக்கொள்ளும் என்று சொன்னேனே, அதேதான் இங்கும் நடக்கிறது. செவிப்பறை ஆறுகிற வரை குளிக்கும்போது வாஸ்லின் தடவிய பஞ்சு வைக்கத்தான் வேண்டும், அது வேறு. சாதாரணப் பேச்சுக்கும் மிக்ஸி சத்தத்துக்கும் பயந்து அடைக்கக் கூடாது. உண்மையிலேயே காதடைப்பான் தேவைப்படும் இடங்கள் வேறு. கல்யாண மண்டபத்தில் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்து நாற்காலி, திருவிழாவில் குழாய் கட்டிய கம்பத்தடி, தறி, லேத், கல் உடைக்கும் இடம். பக்கத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் அந்த இடம் உங்கள் காதுக்கு ஆகாது. தவிலுக்கு முன்வரிசையில் உட்கார ஆசைப்படுகிறவர்கள் நாலு வரிசை பின்னால் போனால் இசை குறைந்துவிடாது.

மாத்திரையைப் பற்றி. காது இரைச்சலை நிறுத்துகிறது என்று நிரூபிக்கப்பட்ட மாத்திரை எதுவும் இன்றுவரை கிடையாது. மருந்துக் கடையில் 'நரம்புக்கு' என்று கேட்டு வாங்கும் சத்து மாத்திரையும், ஜின்கோ என்ற மூலிகை கலந்த மாத்திரையும், துத்தநாக மாத்திரையும் இதில் சேர்த்தி. உடலில் நிஜமாகவே சத்துக் குறைவு இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், இரைச்சல் நிற்கும் என்று நினைத்து மாதாமாதம் பணம் கொட்டாதீர்கள். காது கேட்பதும் குறைந்திருந்தால் காது கேட்கும் கருவி இரைச்சலுக்கும் சேர்த்தே உதவும். வெளி ஒலி உள்ளே வந்ததும் மூளை தேடுவதைக் குறைத்துக்கொள்கிறது. 'இந்த வயசிலா?' என்று கூச்சப்படுகிற முப்பது வயதுக்காரர்களிடம் நான் வாதாடுவதில்லை. ஒரு வாரம் இரவல் கருவி கொடுத்து அனுப்புவேன்.

ஆய்வுகளில் நன்றாகப் பலன் தெரிந்தது ஒரு பேச்சுப் பயிற்சி. மனநல நிபுணரோடு உட்கார்ந்து, 'இது என்னை விடவே விடாது', 'என் வாழ்க்கை போச்சு' என்று ஓடும் எண்ணங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்துப் பார்க்கும் பயிற்சி. அது இரைச்சலைக் குறைப்பதில்லை, அதனால் படும் பாட்டைக் குறைக்கிறது. மனநல மருத்துவரிடம் போகச் சொன்னால் "எனக்கு என்ன பைத்தியமா?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இல்லை, உங்களுக்குத் தூக்கம் இல்லை. தூக்கமில்லாத ராத்திரிகளில் செத்துவிடலாமா என்று தோன்றினால், விடியும்வரை காத்திருக்காமல் 14416-க்குப் பேசுங்கள். அது டெலி மானஸ், அரசின் இலவச மனநல உதவி எண். தமிழிலும் பேசலாம், எந்த நேரமும் பேசலாம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். காலையில் காபி கொடுக்கும்போதே "இன்னும் கேக்குதா?" என்று விசாரிக்காதீர்கள். அக்கறைதான், தெரிகிறது. ஆனால் மறந்திருந்தவரைத் திரும்பக் கேட்க வைப்பது அந்தக் கேள்வி. அவர் சொல்வதை நம்புங்கள், 'மனப்பிரமை' என்று சொல்லாதீர்கள், மற்றபடி வழக்கமாகப் பேசுங்கள். பழகுவதற்குப் பல மாதங்கள் ஆகலாம். நடுவில் சளி பிடித்தால், தூக்கம் கெட்டால், இரைச்சல் ஓரிரு வாரம் தலைதூக்கும். ஆரம்பத்துக்கே போய்விட்டோம் என்று பயப்பட வேண்டாம்.

பரிசோதனைக்கு எங்கே போவது என்றால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது, கேட்கும் திறனை அளக்கும் வசதியும் இருக்கிறது. போவதற்கு முதல் நாள் சத்தமான இடங்களுக்குப் போகாதீர்கள், அளவு மாறிவிடும். நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்துச் சீட்டுகளையும் எடுத்துப் போங்கள். காசநோய்க்கும் புற்றுநோய்க்கும் கொடுக்கும் சில மருந்துகளும், அதிக அளவு ஆஸ்பிரினும் இரைச்சலை உண்டாக்கக்கூடியவை, ஆனால் எதையும் நீங்களாக நிறுத்தக் கூடாது. பரிசோதனை முடிந்ததும் கொடுக்கும் வரைபடத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க அது இல்லாமல் நாங்கள் படும் திண்டாட்டம் கொஞ்சமில்லை. செல்போனில் ஒரு படமாவது எடுத்து வையுங்கள்.

வணக்கம்.