5 நாள் பட்டினி வேஷம் போட்டா 2.5 வயசு குறையுமா? பெட்டிக்குள்ள இருக்கற கணக்கு

[திரையில்: சின்ன அட்டைப்பெட்டி திறக்குது. சூப் பாக்கெட், ஆலிவ், நட்ஸ் பார், மூலிகை டீ]

இந்தப் பெட்டிக்குள்ள இருக்கறது 5 நாள் சாப்பாடு. மொத்தமும் இவ்வளவுதான்! விலை ஏறக்குறைய 200 டாலர். மாசத்துக்கு ஒரு சுற்றுன்னு மூணு சுற்று முடிச்சவங்களுக்கு "உயிரியல் வயசு" (உடம்போட நிலையை வச்சுக் கணிக்கிற வயசு) சராசரியா ரெண்டரை வருஷம் குறைஞ்சிருக்குன்னு 2024-ல ஒரு ஆய்வு வந்துச்சு. அந்த ரெண்டரை வருஷம் எங்கேருந்து வருதுன்னு பார்த்துட்டு ஆர்டர் பண்ணுங்க.

பின்னணியை ஓட்டமா சொல்லிடறேன். பேரு ஃபாஸ்டிங் மிமிக்கிங் டயட், அதாவது சாப்பிட்டுக்கிட்டே பட்டினி மாதிரி வேஷம் போடற டயட். உருவாக்கினவர் தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்து வால்டர் லோங்கோ. பெட்டியோட பேரு ப்ரோலான், விக்கிறது அவர் தொடங்கின எல்-நியூட்ரா கம்பெனி. அதுல தன் பங்கு முழுக்க ஆராய்ச்சிக்கும் அறக்கட்டளைக்கும்தான்னு சொல்லியிருக்காரு, நல்ல விஷயம். ஆனா முக்கியமான ஆய்வுகள்ல பெரும்பாலும் அவர் பேரே இருக்கு. அதை மனசுல வச்சுக்கங்க.

சரி, ருசியான இடத்துக்கு வருவோம். (ருசி கணக்குல மட்டும்தான்!)

[திரையில்: நாள் 1 – 1100 கலோரி. நாள் 2 முதல் 5 – 725 கலோரி]

எல்லாரும் கலோரியைத்தான் பார்க்கறாங்க. சூட்சுமம் புரதத்துல இருக்கு. ரெண்டாவது நாள்லேருந்து 725 கலோரியில புரதம் வெறும் 9 சதவீதம். கொழுப்பு 44, மாவுச்சத்து 47. கிராம்ல போட்டா புரதம் 16, கொழுப்பு 35, மாவுச்சத்து 85. ஒரு முட்டையில 6 கிராம் புரதம். அப்போ நாள் முழுக்க ரெண்டரை முட்டை அளவுதான்!

ஏன் இவ்வளவு கஞ்சத்தனம்? புரதம் உடைஞ்சு வர்ற அமினோ அமிலம்தான் உடம்புக்கு "சாப்பாடு வந்துருச்சு, வளரலாம்"னு சொல்ற சேதி. அந்தச் சேதி போய்ச் சேர்ந்ததும் கல்லீரல் ஐஜிஎஃப்-1னு ஒரு வளர்ச்சிக் காரணியைக் கூடுதலா விடும். சேதி வரலைன்னா, வாயில சூப் இருந்தாலும் செல்லுக்குப் பட்டினிதான். மிமிக்கிங்னு பேர் வந்ததே இதனாலதான். வயித்தை ஏமாத்தறது சுலபம், இது கல்லீரலை ஏமாத்துது!

நம்மாளுங்க கோட்டை விடறதும் இங்கேதான். "ஹெல்த்தியா இருக்கட்டும்"னு ஒரு ஸ்கூப் புரதப் பொடி கலக்கறாங்க. ஒரு ஸ்கூப்ல 20–25 கிராம், ஒரு நாள் கோட்டாவையே தாண்டிடுச்சு. ஒரு கிண்ணம் சுண்டல், ரெண்டு முட்டை ஆம்லெட், பனீர், எல்லாம் நல்ல சாப்பாடு. இந்த 5 நாளைக்கு மட்டும் வில்லன். கலோரி சரியா இருக்கும், எடையும் இறங்கும். ஆனா அது சாதாரண டயட், வேஷம் கலைஞ்சு போச்சு.

அதே அளவு நம்ம அடுப்படியில எப்படி இருக்கும்?

[திரையில்: தராசு, ஒவ்வொண்ணா வைக்கறோம்]

பாதாம் 30 கிராம். வேகவச்ச சர்க்கரைவள்ளிக் கிழங்கு 200 கிராம். பீன்ஸ், கேரட், காலிஃபிளவர் சேர்த்து 400 கிராம், சூப்பாவோ பொரியலாவோ. எண்ணெய் ஒன்றரை டேபிள்ஸ்பூன். பப்பாளி 200 கிராம். கூட்டினா ஏறத்தாழ 715 கலோரி, புரதம் 16 கிராம். பருப்பு இல்லாத சூப்தான், சாம்பார் கிடையாது, காபியில பாலும் கிடையாது. எண்கள் பொருந்துது, ஆனா ஆய்வுல சோதிச்சது அந்தப் பெட்டியைத்தான், இந்தத் தட்டை இல்லை. தராசு இல்லாம கண்ணளவுல செஞ்சா எண்ணெய்தான் முதல்ல தப்பும்.

இப்போ ஆதாரம். 2015-ல நடுவயசு எலிகளுக்கு மாசம் ரெண்டு தடவை, தடவைக்கு 4 நாள் இதே மாதிரி டயட் கொடுத்தாங்க. இடைநிலை ஆயுள், அதாவது பாதி எலிகள் உயிரோட இருக்கற காலம், 11 சதவீதம் கூடுச்சு. அதிகபட்ச ஆயுள் கூடலை. இதுல என்னை நிறுத்தினது வேற ஒண்ணு: ரொம்ப வயசான எலிகள் டயட் நாள்கள்லயோ அதை ஒட்டியோ செத்துப்போச்சு, அதனால அதுங்களுக்கு 4 நாளை 3 நாளாக் குறைச்சாங்க. 70 தாண்டின தாத்தா பாட்டிக்கு இதை பரிசா வாங்கிக் கொடுக்காதீங்க.

மனுஷங்கள்ல 2017-ல 100 பேர், மூணு சுற்று. சராசரியா 2.6 கிலோ எடை இறங்குச்சு, ரத்த அழுத்தமும் ஐஜிஎஃப்-1-ம் குறைஞ்சுச்சு. ஆனா கவனிங்க: சர்க்கரை, ரத்த அழுத்தம், உடம்புக்குள்ள அழற்சியைக் காட்டற ரத்தக் குறியீடு ஏற்கெனவே எகிறினவங்களுக்குத்தான் பெரிய மாற்றம். எல்லாம் சரியா இருந்தவங்களுக்குப் பெருசா ஒண்ணும் நகரலை. 2024-ல சொன்ன அந்த ரெண்டரை வருஷமும் சில ரத்தப் பரிசோதனை எண்களை சூத்திரத்துல போட்டு வந்த கணக்குதான். எண் நல்லா ஆனா சூத்திரம் இளமைன்னு சொல்லும். இதைச் செஞ்சவங்க கூடுதல் வருஷம் வாழ்ந்தாங்கன்னு காட்டின ஆய்வு எதுவும் கிடையாது.

அதனால என் தீர்ப்பு: தொப்பை, எல்லையில நிக்கிற சர்க்கரை, 40–50 வயசு, டாக்டர் சம்மதம், இருந்தா மூணு சுற்றுக்கு அர்த்தம் இருக்கு. ஒல்லியா, ரிப்போர்ட் எல்லாம் சரியா இருக்கறவங்க அந்த 200 டாலரைக் காய்கறிக் கடையில கொடுங்க. வேற கருத்து இருந்தா கமெண்ட்ல சண்டை போடுங்க, லைக் பண்ணிட்டு போடுங்க!

தொடவே கூடாதவங்க: கர்ப்பிணிகள், பாலூட்டறவங்க, பிஎம்ஐ 18.5-க்குக் கீழ இருக்கறவங்க, உணவுக் கோளாறு இருந்தவங்க. இன்சுலினோ கிளிமிபிரைடுங்கற சர்க்கரை மாத்திரையோ எடுத்துக்கறவங்க தானா ஆரம்பிச்சா சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். சாப்பாடு பாதியாச்சு, மாத்திரை முழுசா இருக்கே! ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடறவங்களும் டாக்டரைக் கேட்டுட்டுதான்.

தலைவலியும் சோர்வும் வரலாம். ஜிம்மு, நீண்ட வெந்நீர்க் குளியல் ரெண்டும் இந்த வாரம் வேண்டாம், எழுந்திரிக்கும்போது தலை சுத்தும்.

கடைசியா 6-ஆம் நாள். பெட்டி காலி, வாசல்ல பிரியாணி வாசனை! அன்னிக்கு ஒரு நாள் பொறுங்க. காலையில பழச்சாறு, காய்கறி சூப். மதியம் குழைஞ்ச சாதம், கொஞ்சமா. ராத்திரி வழக்கத்துல பாதி. அதை விட்டுட்டு மதியமே பிரியாணியை வெட்டினா வயித்து வலி நிச்சயம். பிரியாணி 7-ஆம் நாளும் கிடைக்கும்.