கல்லாப் பெட்டியும் பேசும் பெட்டியும்

(பெங்களூரு அல்சூரில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை வாசகர்கள் கூடிய இடத்தில் பேசியதன் எழுத்து வடிவம். சொன்னதையே திரும்பச் சொன்ன இடங்களை மட்டும் குறைத்திருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம்.

அழைப்பிதழில் "நிதித் தொழில்நுட்பத்தின் வளர்ச்சி" என்று போட்டுவிட்டார்கள். நான் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். இந்த வட்டாரத்துச் சின்னக் கடைக்காரர்களுக்கு முப்பது வருடமாக வரவு செலவு எழுதி, வரி கட்டிக் கொடுத்துவருகிறேன். அந்தப் பெரிய தலைப்பை என் மேசை உயரத்துக்கு இறக்கிக்கொள்கிறேன், கோவித்துக்கொள்ளாதீர்கள்.

சோமேசுவரர் கோயில் பக்கம் ஓர் அம்மா பூ விற்கிறார். ஒரு சாயங்காலம் மல்லிகை ஒரு முழம் வாங்கிக்கொண்டு க்யூஆர் அட்டையைப் போனில் ஸ்கேன் செய்தேன். பக்கத்தில் இருந்த பெட்டி, முப்பது ரூபாய் வந்துவிட்டது என்று கன்னடத்தில் உரக்கச் சொன்னது. "வந்துடுச்சாம்மா?" என்றேன். "சத்தம் வந்துடுச்சு சார். பணம் பையனுக்குப் போயிருக்கும்" என்றார்.

அவரிடம் இருப்பது பட்டன் போன். ஸ்கேன் அட்டை, வங்கிக் கணக்கு, பெட்டிக்கு மாதாமாதம் பிடிக்கிற வாடகை எல்லாமே மகன் பெயரில். விடியற்காலை நாலு மணிக்குக் கே.ஆர். மார்க்கெட்டில் உதிரிப் பூ எடுக்க அம்மாவுக்கு ரொக்கம் வேண்டும். முன்பெல்லாம் அது சுருக்குப்பையில் இருந்தது. இப்போது ராத்திரியே மகனிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்கிறார். மகன் கெட்டவன் இல்லை, கொடுத்துவிடுகிறான். ஆனால் கேட்க வேண்டியிருக்கிறது, பாருங்கள்.

பணம் வேகமாகப் போவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நான் பார்ப்பது பணம் போகும்போது பின்னால் எழுதப்படுகிற கணக்கை. அது யார் பெயரில் எழுதப்படுகிறது, அதை யாரெல்லாம் படிக்கிறார்கள்? இன்றைக்குப் பேச எனக்கு இருப்பது இவ்வளவுதான்.

கதை தெரியாதவர்களுக்காக வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஆதார் எண் 2010 செப்டம்பரில் கொடுக்க ஆரம்பித்தார்கள். அதை நடத்தியவர் நம்மூர் நந்தன் நிலேகணி. 2014 ஆகஸ்டில் ஜன் தன் கணக்குகள் வந்தன. 2016 ஏப்ரலில் ரகுராம் ராஜன் ரிசர்வ் வங்கி ஆளுநராக இருந்தபோது போனிலேயே ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குப் பணம் அனுப்புகிற யுபிஐ மும்பையில் தொடங்கப்பட்டது. அதை உருவாக்கியது என்பிசிஐ என்கிற, வங்கிகள் சேர்ந்து வைத்திருக்கிற, லாப நோக்கம் இல்லாத அமைப்பு. அந்த நவம்பர் 8ஆம் தேதி ராத்திரி என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வரிசையில் நின்ற கால்கள் இந்த மண்டபத்திலேயே நிறைய இருக்கின்றன.

அப்புறம் ஏறிய வேகம் இருக்கிறதே! 2019 அக்டோபரில் ஒரே மாதத்தில் 100 கோடிப் பரிமாற்றங்கள். 2023 ஆகஸ்டில் மாதத்துக்கு 1,000 கோடி. 2025 ஆகஸ்டில் 2,000 கோடி. வகுத்துப் பார்த்தேன், தொழில் புத்தி போகுமா? நொடிக்கு ஏழாயிரத்துக்கும் மேல் வருகிறது. நான் இந்த வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் நாட்டில் எத்தனை டீ விற்றிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதனால் ரொக்கம் ஒழிந்துவிட்டது என்று நினைத்தால் தப்பு. 2016 நவம்பர் தொடக்கத்தில் புழக்கத்தில் இருந்த நோட்டு சுமார் 18 லட்சம் கோடி ரூபாய். 2024இல் அது 35 லட்சம் கோடியைத் தாண்டியது. இரண்டும் சேர்ந்தே வளர்ந்திருக்கின்றன. டீக்குப் போனைத் தட்டுகிற அதே கைதான், அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அரிசிப் பானையில் இரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாள் வைக்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது என்பதையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். பணம் அந்த ஆப்பில் இல்லை. உங்கள் வங்கியிலிருந்து கடைக்காரர் வங்கிக்குப் போகிறது, நடுவில் என்பிசிஐ வழிகாட்டுகிறது. சாலை பொதுச் சாலை, ஓடுகிற வண்டிகள் தனியாருடையவை. அந்த வண்டிகளிலும் இரண்டே இரண்டு கம்பெனிதான் பத்தில் ஏறத்தாழ எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு போகிறது: ஃபோன்பேயும் கூகுள்பேயும். ஒரே கம்பெனி முப்பது சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று 2020லேயே என்பிசிஐ சொன்னது. கெடு தள்ளித் தள்ளி 2026 கடைசிக்குப் போயிருக்கிறது.

2020 ஜனவரியிலிருந்து யுபிஐக்குக் கடைக்காரரிடம் கட்டணம் வாங்கக் கூடாது. சரி, இலவசமாக ஓட்டுகிறவர்கள் எதில் சம்பாதிக்கிறார்கள்? அரசாங்கம் கொஞ்சம் ஊக்கத்தொகை தருகிறது. பெட்டி வாடகை இருக்கிறது. பெரிய சம்பாத்தியம் கடன் கொடுப்பதில், காப்பீடு விற்பதில் என்று கண் வைத்திருக்கிறார்கள். கடன் கொடுக்க ஆளைத் தெரிய வேண்டும். ஆளைக் காட்டிக்கொடுப்பது அந்தக் கணக்கு.

கணக்கு நமக்குப் புதிது இல்லையே! அண்ணாச்சி கடைப் பற்று நோட்டு, ஏலச்சீட்டு நோட்டு, எல்லாவற்றுக்கும் மேலே மொய் நோட்டு. 2021இல் மதுரையில் ஒரு கல்யாணப் பத்திரிகையில் மொய்க்காக க்யூஆர் கோடு அச்சடித்தது செய்தியானது. எங்கள் வீட்டிலும் அக்கா பெண் கல்யாணத்தில் அந்த ஆசை வந்தது. மறுநாள் போனைப் பார்த்தால் 501 ரூபாய், அனுப்பியவர் பெயர் "முருகன் எம்". எங்கள் சொந்தத்தில் மட்டும் ஆறு முருகன்! ஆலங்காயத்து முருகனா, கேஜிஎஃப் முருகனா, மாமா மச்சினனா? திருப்பிச் செய்ய வேண்டிய பணம் ஆயிற்றே. கடைசியில் மொய் எழுதுகிறவரையே கூப்பிட்டு, ஒவ்வொருவருக்கும் போன் போட்டு விசாரித்து நோட்டில் ஏற்றினோம். அந்த நோட்டை எழுதுகிறவருக்கு ஊர் தெரியும், உறவு தெரியும். வங்கிக் கணக்குக்குப் பெயரும் தொகையும் நேரமும் போதும்.

ஆனால் அந்த மூன்றே போதும் என்று நினைக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். முதல் ஆள் கடன் கொடுப்பவர்.

தண்டல் தெரியும் அல்லவா? பத்தாயிரம் கடன் என்பார்கள், கையில் ஒன்பதாயிரம் கொடுப்பார்கள். நாளுக்கு நூறு ரூபாய், நூறு நாள். ஆயிரம் ரூபாய்தானே வட்டி என்று தோன்றும். ஆனால் அசல் தினமும் குறைந்துகொண்டே வருகிறது. சராசரியாக நம் கையில் இருப்பது நாலாயிரத்து ஐந்நூறுதான். அதற்கு நூறு நாளில் ஆயிரம் என்றால் வருடத்துக்கு ஏறத்தாழ 80 சதவீதம். வண்டி போட்டு இட்லி விற்பவரிடம் வங்கி கேட்கிற காகிதம் எதுவும் இல்லாததால்தான் இதற்குக் கழுத்தை நீட்டினார்.

இப்போது அவரிடம் இரண்டு வருடத்து க்யூஆர் வரவு இருக்கிறது. அதுவே காகிதம். 2020 ஜூனில் தெருவோர வியாபாரிகளுக்கு வந்த ஸ்வநிதித் திட்டத்தில் முதலில் பத்தாயிரம், ஒழுங்காகக் கட்டினால் இருபது, பிறகு ஐம்பதாயிரம் கொடுத்தார்கள். டிஜிட்டலில் வாங்கினால் சிறு தொகை திரும்பியும் வந்தது. எனக்குத் தெரிந்த ஒரு தள்ளுவண்டிக்காரர் அந்தப் படிகளில் ஏறி வந்தவர். இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அவருடைய அப்பா இதே தொழிலை நாற்பது வருடம் செய்தார்; ஒரு வங்கி மேலாளர்கூட அவரை உட்காரச் சொன்னது கிடையாது.

அதே மனிதர் போன வருடம் ஓர் ஆப் வழியாகவும் கடன் வாங்கினார். வட்டி வருடத்துக்கு 24 சதவீதம், தண்டலில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. தவணை தினமும் க்யூஆர் வரவிலிருந்து தானாகவே பிடிபடும். கவனித்தீர்களா? தண்டல்காரர் இப்போது பைக்கில் வருவதில்லை, பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். மழை கொட்டி வண்டி போடாத நாளில் பழைய தண்டல்காரரிடம் "நாளைக்கு வாங்கண்ணே" என்று கெஞ்சலாம். பெட்டியிடம் கெஞ்ச முடியவில்லை, அடுத்த நாள் இரண்டு தவணையாக எடுத்துக்கொண்டது. 24 நல்லதா, 80 நல்லதா என்று கேட்டால் 24தான். ஆனால் அவர் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டது வட்டியைப் பற்றி இல்லை, மழையைப் பற்றி.

இதில் கறுப்பு ஆடுகளும் உண்டு. கொரோனா காலத்தில் முளைத்த கடன் ஆப்களை ரிசர்வ் வங்கியின் குழு ஆராய்ந்து, 2021 நவம்பரில் அறிக்கை கொடுத்தது. சுமார் 1,100 ஆப்கள், அதில் 600 சட்டவிரோதமானவை. எங்கள் தெருப் பையன் ஒருவன் ஏழு நாள் கடன் ஒன்று வாங்கினான். எட்டாம் நாள் எனக்குப் போன் வருகிறது, அவனை அசிங்கமாகத் திட்டி. என் எண் எப்படிக் கிடைத்தது? அவன் போனில் இருந்த எல்லா எண்களையும் ஆப் உருவிவிட்டது. அவனுடைய கல்லூரி ஆசிரியர் வரைக்கும் போன் போயிருக்கிறது. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதி போட்டது: கடன் நேரே வாங்குபவர் வங்கிக் கணக்குக்குத்தான் போக வேண்டும், எல்லாச் செலவும் சேர்த்த வருட வட்டியைச் சொல்ல வேண்டும், போனில் இருக்கிற எண்களைத் தொடக் கூடாது. நல்ல விதி. அந்தப் பையனுக்கு அது ஒரு வருடம் தாமதம்.

இந்த இடத்தில் நடுவே ஒன்று. பணம் வாங்குவதற்கு யாரும் பின் நம்பர் போட வேண்டியதில்லை, பின் கேட்டால் உங்களிடமிருந்து போகப்போகிறது என்று அர்த்தம். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே 1930க்குப் போன் செய்யுங்கள்.

அடுத்த ஆள் வரித்துறை. 2025 ஜூலை நினைவிருக்கும். கர்நாடக வணிக வரித்துறை நாலு வருட யுபிஐ வரவைப் பார்த்து ஆயிரக்கணக்கான சின்னக் கடைகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. ஹாவேரியில் ஒரு காய்கறிக்காரருக்கு 1.63 கோடி வரவுக்கு 29 லட்சம் வரி. காய்கறிக்கு ஜிஎஸ்டியே கிடையாது! அந்த வாரம் நம் தெருக்களில் கையால் எழுதின அட்டைகள் தொங்கின: "யுபிஐ இல்லை, ரொக்கம் மட்டும்." யுபிஐயைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடிய ஊர் இது, ஃபோன்பேயும் ரேசர்பேயும் இருக்கிற ஊர். ஒரு நோட்டீஸில் ஸ்கேன் அட்டைகள் கல்லாவுக்குள் போய்விட்டன.

நோட்டீஸ் வாங்கிய ஒரு டீக்கடைக்காரருடன் மூன்று ராத்திரி உட்கார்ந்தேன். வங்கி விவரம் ஒரு கட்டுக் காகிதம். இருபது, பதினைந்து, இருபது, பதினைந்து என்று டீ ஓடுகிறது. நடுவில் திடீரென்று நாற்பதாயிரம்: அது சீட்டு எடுத்த பணம். மைத்துனன் ஊரிலிருந்து அனுப்பிய பணம், திரும்பி வந்த கைமாற்று, எல்லாம் அதே வரிசையில். எழுதிய இயந்திரத்துக்கு எல்லாமே வரவு. சிவப்பு பேனாவால் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனோம்.

அதே சமயம் கடைக்காரர் பக்கமே முழு நியாயம் என்றும் சொல்ல மாட்டேன். சரக்கு மட்டும் விற்பவர் ஜிஎஸ்டியில் பதிய வருடத்துக்கு 40 லட்சம் வரம்பு. நாளுக்குப் பதினோராயிரம் ரூபாய். சிகரெட்டும் விற்கிற டீக்கடைக்கு வரம்பு 20 லட்சம்தான், அதைச் சுலபமாகத் தொட்டுவிடும். சிகரெட்டில் லாபம் சொற்பம், ஆனால் விற்றுவரவு விற்றுவரவுதான். காலத்தில் பதிந்து, விற்றுவரவில் சிறு சதவீதம் மட்டும் வரி கட்டுகிற இணக்கத் திட்டத்தில் சேர்ந்திருந்தால் அதோடு போயிருக்கும். நான் சொன்னேன், அவர் கேட்கவில்லை. கடைசியில், பதிவு செய்துகொண்டால் பழைய பாக்கியை வசூலிக்க மாட்டோம் என்று முதலமைச்சர் அறிவித்தார். ஸ்கேன் அட்டைகள் மெல்லத் திரும்பி வந்தன. முன்பு போல முழுதாக வரவில்லை. கொஞ்சம் பெரிய தொகை என்றால், "ரொக்கமா இருக்கா சார்?" என்று இப்போதும் முகத்தைப் பார்க்கிறார்கள்.

பூக்கார அம்மாவிடம் வருகிறேன். கணக்கை உங்கள் பெயரில் தொடங்கலாம், பட்டன் போனிலேயே பணம் அனுப்புகிற வசதி 2022லிருந்து இருக்கிறது, நானே கூட வருகிறேன் என்றேன். "பாக்கலாம் சார்" என்றார். மகன் மனம் கோணும் என்று யோசித்திருக்கலாம். நானும் வற்புறுத்தவில்லை.

முந்தாநாள் வெள்ளிக்கிழமை. கூட்டம் அலைமோதுகிறது, அவருடைய பெட்டியிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஸ்கேன் அட்டை கவிழ்ந்து கிடந்தது, மேலே ஒரு கூறு சாமந்தி. "நெட்டு இல்ல சார்" என்றார் என் முகத்தைப் பார்க்காமல். பக்கத்துத் தேங்காய்க் கடைப் பெட்டி விடாமல் கத்திக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை வியாபாரம் மட்டும் சுருக்குப்பைக்குப் போகிறது என்று எனக்குப் புரிந்தது. பையில் சில்லறை இல்லை என்றேன். "அதனாலென்ன, அப்புறம் குடுங்க" என்று பூவை நறுக்கி இலையில் கட்டிக் கொடுத்துவிட்டார். எங்கேயும் எழுதிக்கொள்ளவில்லை.

முப்பது ரூபாய் பாக்கி. கூட்டம் முடிந்து அந்த வழியாகத்தான் வீட்டுக்குப் போகிறேன். ஐந்நூறுக்குச் சில்லறை யாரிடமாவது இருந்தால் கொடுங்கள், இங்கேயே ஜிபே பண்ணிவிடுகிறேன்.