முடிய விடாத தரை

எல்லோருக்கும் வணக்கம். அழைப்பிதழில் 'களிமண் தரை டென்னிஸ்' என்று போட்டிருக்கிறார்கள். பத்திரிகைகளும் அப்படித்தான் எழுதுகின்றன, குறை சொல்லவில்லை. ஆனால் களிமண் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது பிள்ளையார் பிடிக்கிற மண். மழைக்காலத்தில் காலை வைத்தால் செருப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும் மண். பாரிஸில் பிரெஞ்சு ஓபன் போட்டி நடக்கிற ரோலண்ட் காரோஸ் மைதானத்தில் இருப்பது அது இல்லை. டிவியில் செக்கச்செவேல் என்று தெரிகிறதே, அது செங்கல் பொடி. நம் கொத்தனார்கள் சுர்க்கி என்பார்கள். முல்லைப் பெரியாறு அணை கட்டியபோது சுண்ணாம்போடு சேர்த்தார்களே, ஏறக்குறைய அதே சரக்குதான்.

அந்தப் பொடி எவ்வளவு கனம் என்று நினைக்கிறீர்கள்? ஒன்றிரண்டு மில்லிமீட்டர், அவ்வளவுதான். அதன் கீழே நொறுக்கிய வெள்ளைச் சுண்ணாம்புக்கல், அதற்கும் கீழே எரிந்த நிலக்கரியின் கசடு, பிறகு சரளை, பெரிய கற்கள். உண்மையில் ஆட்டம் நடப்பது அந்த வெள்ளைக்கல் மேல். செங்கல் பொடி விபூதிப் பட்டைமேல் வைத்த குங்குமம் மாதிரி. இந்த வழக்கம் எப்படி வந்தது என்பதற்கு ஒரு கதை சொல்வார்கள். 1880களில் இங்கிலாந்தின் ரென்ஷா சகோதரர்கள் பிரான்சின் கான் நகரத்தில் டென்னிஸ் சொல்லிக்கொடுத்தார்கள். அங்கே அடிக்கிற வெயிலில் புல் கருகிவிட்டது. உடைந்த மண்சட்டிகளைப் பொடி செய்து மேலே தூவினார்களாம்.

இந்த இரண்டு மில்லிமீட்டர் பொடி என்ன செய்கிறது என்பதைத்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். எதையும் சீக்கிரம் முடிய விடாது. அதுதான் அதன் வேலை.

புல்தரையில் பந்து குத்தியதும் வழுக்கிக்கொண்டு தாழ்வாக ஓடும். நல்ல சர்வ், அதாவது பாயின்ட்டைத் தொடங்கிவைக்கிற முதல் அடி, போட்டால் எதிராளி கை நீட்டுவதற்குள் கதை முடிந்துவிடும். செங்கல் பொடியில் பந்து குத்தும்போது தரை அதைக் கொஞ்சம் பிடித்து இழுக்கிறது. வேகம் குறைகிறது, பந்து உயரமாக எழும்புகிறது. எதிராளிக்கு ஒரு கண்ணிமைப்பு நேரம் கூடுதலாகக் கிடைக்கிறது. அது போதும், அவன் சறுக்கிக்கொண்டே வந்து எடுத்துவிடுவான். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்த ஒரே பாயின்ட்டை நான்கு முறை, ஐந்து முறை ஜெயிக்க வேண்டியிருக்கிறது.

பலமான சர்வுக்குப் பேர்போன பீட் சாம்ப்ராஸ் கதையைப் பாருங்கள். கிராண்ட்ஸ்லாம் என்கிற நான்கு பெரிய போட்டிகளில் 14 பட்டம், அதில் 7 புல்தரையில் நடக்கிற விம்பிள்டன். பாரிஸில் அவர் எட்டிய உச்சம் 1996இல் அரையிறுதி. போரிஸ் பெக்கர் களிமண்ணில் ஒற்றையர் பட்டம் ஒன்றுகூட வாங்காமலே ஓய்வு பெற்றார். எட்பர்க், கானர்ஸ், மெக்கன்ரோ என்று இன்னும் பெயர்களை அடுக்கலாம். யாரும் சாதாரண ஆட்டக்காரர்கள் இல்லை.

எதிர்ப்பக்கத்திலும் ஓர் உதாரணம் உண்டு, நம்ம ஊர்க்காரர். ரமேஷ் கிருஷ்ணனின் சர்வ்வுக்குப் பலம் போதாது என்பது ஊரறிந்த விஷயம். அவருடைய சொத்து நிதானமும் கைநயமும்தான். 1979இல் அவர் பாரிஸிலும் விம்பிள்டனிலும் ஜூனியர் பட்டங்களை ஒரே வருடத்தில் வாங்கினார். விம்பிள்டன் ஜூனியர் பட்டம் அப்பா ராமநாதன் கிருஷ்ணன் 1954லேயே வீட்டுக்குக் கொண்டுவந்ததுதான். பாரிஸ் பட்டம் மகன் கணக்கு. பெரியவர்களின் ஒற்றையர் பட்டம் மட்டும் இன்றுவரை நம் நாட்டுக்கு எங்கேயும் வரவில்லை. சரி, அது வேறு ஒரு நாள் பேச வேண்டிய துக்கம்.

மெக்கன்ரோவின் 1984ஆம் வருடம் தனியாகச் சொல்ல வேண்டியது. அந்த வருடம் முழுவதும் அவர் தோற்றது மூன்றே ஆட்டங்கள். பாரிஸ் இறுதி ஆட்டத்துக்கு வந்தபோது அந்த வருடத்தில் ஒரு தோல்விகூட இல்லை. எதிரே இவான் லெண்டில், அதுவரை ஒரு கிராண்ட்ஸ்லாம்கூட வாங்காதவர். மூன்று செட் எடுத்தால் ஜெயம், முதல் இரண்டு 6-3, 6-2 மெக்கன்ரோவுக்கு. மைதானத்தில் எல்லோருக்கும் ஆட்டம் முடிந்துவிட்டது, தரைக்கு மட்டும் முடியவில்லை. மூன்றாவது செட்டில் ஓரத்தில் நின்ற கேமராக்காரரின் ஹெட்செட்டில் கரகரவென்று சத்தம் கேட்டது. மெக்கன்ரோ நேரே போய் அந்த ஹெட்செட்டிலேயே கத்தினார். அப்புறம் ஆட்டம் நழுவியது. 4-6, 5-7, 5-7. ஹெட்செட்டால்தான் தோற்றார் என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. புல்தரையாக இருந்திருந்தால் அந்தக் கோபத்தோடே பதினைந்து நிமிடத்தில் முடித்திருப்பார்.

ஐந்து வருடம் கழித்து அதே லெண்டிலுக்கு அதே வினை. 1989, நான்காவது சுற்று. அவர் அப்போது உலகின் முதல்நிலை ஆட்டக்காரர். எதிரே அமெரிக்கச் சிறுவன் மைக்கேல் சாங், வயது 17. முதல் இரண்டு செட் லெண்டிலுக்கு. சாங் அடுத்த இரண்டையும் பிடித்தான். ஐந்தாவதில் அவனுக்குக் காலெல்லாம் தசைப்பிடிப்பு. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாதோ என்ற பயத்தில் இடைவேளையில்கூட நின்றுகொண்டே வாழைப்பழம் தின்றான். முழு வீச்சில் சர்வ் போட உடம்பில் தெம்பில்லை. என்ன செய்தான்? கையைத் தாழ்த்தி, குழந்தைக்குப் பந்து உருட்டிவிடுகிற மாதிரி ஒரு சர்வ். லெண்டில் தடுமாறினார், பாயின்ட் சாங்குக்கு. மேட்ச் பாயின்ட்டில், அதாவது அதை எடுத்தால் ஆட்டமே முடியும் என்ற பாயின்ட்டில், சர்வீஸ் கோட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டான். லெண்டில் இரண்டு சர்வையும் தவறவிட்டார். அந்தப் பையன் இறுதியில் எட்பர்கை ஐந்து செட்டில் வென்று, ஆண்கள் கிராண்ட்ஸ்லாம் வரலாற்றிலேயே மிக இளைய சாம்பியன் ஆனான். அந்தச் சாதனை இன்னும் உடையவில்லை.

2004 இறுதி ஆட்டத்தைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். அர்ஜென்டினாவின் இருவர் மோதினார்கள். காஸ்டன் காடியோ முதல் செட்டை 0-6, இரண்டாவதை 3-6 இழந்தார். ஐந்தாவதில் எதிராளி கில்லெர்மோ கொரியாவுக்கு இரண்டு மேட்ச் பாயின்ட். பட்டம் காடியோவுக்கு, 8-6. ஸ்கோரே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது.

இப்போது என் மானம் போன கதை. 2025 ஜூன் 8, ஞாயிற்றுக்கிழமை. நம் நேரப்படி மாலை ஆறரைக்கு இறுதி ஆட்டம் தொடங்கியது. ஸ்பெயினின் அல்காரஸும் இத்தாலியின் சின்னரும். முதல் இரண்டு செட் சின்னருக்கு, மூன்றாவது அல்காரஸுக்கு. நான்காவது செட்டில் சின்னர் 5-3 முன்னிலை, அல்காரஸ் சர்வில் 0-40. மூன்று சாம்பியன்ஷிப் பாயின்ட். இத்தனை வருடமாக இந்தத் தரையைப் பற்றி எல்லோரிடமும் அளந்துகொண்டிருக்கிற நான் டிவியை அணைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். இரண்டாவது தோசைக்கு மகன் செல்போனைப் பார்த்துவிட்டுக் கத்தினான், "அப்பா, டைபிரேக்குப் போயிடுச்சு!" செட் 6-6 என்று சமமானால் பாயின்ட் எண்ணி முடிக்கிற ஆட்டம் அது. கை கழுவாமல் ஓடினேன். கடைசியில் பட்டம் அல்காரஸுக்கு, 4-6, 6-7, 6-4, 7-6, 7-6. ஐந்து மணி 29 நிமிடம், அங்கே நடந்த இறுதி ஆட்டங்களில் இதுவே நீளமானது. கடைசி டைபிரேக் 10-2. முன்பெல்லாம் அங்கே ஐந்தாவது செட்டுக்கு டைபிரேக்கே கிடையாது, இரண்டு கேம் வித்தியாசம் வரும்வரை ஆட வேண்டும். 2022இல்தான் மாற்றினார்கள். அந்தப் பழைய விதி இருந்திருந்தால் நான் மறுநாள் வேலைக்கு லீவு போட்டிருப்பேன்.

இந்தத் தரை இன்னொன்றும் செய்கிறது. நடந்ததை எழுதி வைத்துக்கொள்கிறது. பந்து குத்திய இடத்தில் தடம் இருக்கும். நடுவர் நாற்காலியிலிருந்து இறங்கி வந்து, குனிந்து, விரலால் காட்டுவார். ஆண்கள் டென்னிஸ் சங்கமான ஏடிபியின் போட்டிகள் 2025 முதல் கோட்டு நடுவர்களை எடுத்துவிட்டு மின்னணுக் கருவிக்குப் போய்விட்டன. விம்பிள்டனும் அந்த வருடமே மாறியது. பாரிஸ் 2025இலும் மாறவில்லை. பழமைவாதம் என்று சிலர் திட்டுகிறார்கள். எனக்கு அந்தக் குனிந்து பார்க்கிற காட்சி பிடிக்கும், மறைக்கவில்லை.

1982 அரையிறுதி. சுவீடனின் மேட்ஸ் வில்லாண்டர், அவருக்கும் 17 வயது, மேட்ச் பாயின்ட்டில் நிற்கிறார். கிளெர்க் அடித்த பந்து வெளியே என்று அறிவித்துவிட்டார்கள். ஆட்டம் முடிந்தது, கை குலுக்கிவிட்டுப் போகலாம். வில்லாண்டர் நடுவரிடம் போய், பந்து உள்ளேதான் விழுந்தது, இப்படி ஜெயிக்க எனக்கு மனமில்லை என்றார். பாயின்ட்டை மறுபடி ஆடினார்கள். கிளெர்க் வலையில் அடித்தார். வில்லாண்டர் இறுதியில் விலாஸை வென்று பட்டமும் வாங்கினார். 2025இல் அமெரிக்காவின் ஷெல்டனுக்கு எதிராக அல்காரஸ் பாய்ந்து ஒரு பந்தை எடுத்தார், அது எதிர்ப்பக்கம் போய் விழுந்தது. நடுவர் பாயின்ட்டை அவருக்கே கொடுத்தார். அவர் போய், பந்து படும்போது மட்டை என் கையில் இல்லை என்று ஒத்துக்கொண்டார்.

எதையும் முடிய விடாத இந்தத் தரையில் முடித்துக் காட்டிய ஒரு மனிதரும் உண்டு. நீங்கள் இவ்வளவு நேரமாகக் காத்திருக்கிற பெயர்தான். ரஃபேல் நடால், 14 பட்டம். அவருக்கு முன்னால் ஓபன் காலத்தில், அதாவது தொழில்முறை ஆட்டக்காரர்களையும் சேர்த்துக்கொண்ட 1968இலிருந்து, அதிகம் வாங்கியவர் பியோன் போர்க், 6. நடால் அங்கே ஆடியவை 116 ஆட்டங்கள், வெற்றி 112, தோல்வி 4. இறுதிக்கு வந்த 14 முறையும் தோற்கவே இல்லை.

காரணம் அதே தரைதான். பந்தை அவர் கீழிருந்து மேலே தேய்த்து அடிப்பார். அந்தச் சுழற்சியைச் செங்கல் பொடி பிடித்துக்கொண்டு பந்தைத் தோளுக்கு மேலே துள்ள விடும். இடக்கை ஆட்டக்காரர் என்பதால் அது வலக்கைக்காரரின் பின்கைப் பக்கம் போய் விழும். ஒற்றைக் கையில் பின்கை அடிக்கும் ஃபெடரர் அந்த உயரத்தில் என்னதான் செய்ய முடியும்? 2008 இறுதி ஆட்டம் 6-1, 6-3, 6-0. மற்றவர்களைத் தாமதப்படுத்திய தரை நடாலுக்கு வேலைக்காரனாக இருந்தது. 2009இல் நான்காவது சுற்றில் சுவீடனின் சோடர்லிங் அவரை வீழ்த்தினார். தொடர்ந்து 31 வெற்றிக்குப் பிறகு முதல் தோல்வி. அந்த வருடம்தான் ஃபெடரருக்குப் பாரிஸ் கிடைத்தது, ஒரே ஒரு முறை.

ஒவ்வொரு செட் முடிந்ததும் பணியாளர்கள் வந்து பெரிய வலைப்பாயை இழுத்துக்கொண்டு போவார்கள். பந்துத் தடம், சறுக்கிய தடம், சண்டை போட்ட தடம் எல்லாம் போய்விடும். 2025 மே 25 அன்று நடாலுக்கு அங்கே ஒரு மரியாதை செய்தார்கள். முக்கிய அரங்கின் தரையில் வலைக்குப் பக்கமாக அவருடைய காலடி பதித்த தகடு ஒன்று வைத்திருக்கிறார்கள். அதை மட்டும் எந்தப் பாயும் அழிக்காது.

நேரம் எட்டாகப்போகிறது. கேள்வி இருந்தால் கேளுங்கள், தோசையைப் பற்றி மட்டும் வேண்டாம்.