கம்பெனி பக்கத்தில் இன்று என்ன போடுவது?

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு நிறுவனத்தின் சமூக ஊடகப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் யாரைக் கேட்டாலும் ஒரே புலம்பல்தான் வரும்: “சார், போடறதுக்கு ஒண்ணும் இல்லை.” நானும் அதே வேலை பார்ப்பவன், புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவன். அந்த உரிமையில் சொல்கிறேன். போடுவதற்கு ஒன்றும் இல்லாத நிறுவனத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. தேடுகிற இடம்தான் தப்பாக இருக்கிறது. நாலு பேர் ஓர் அறையில் உட்கார்ந்து, வெள்ளைப் பலகையைப் பார்த்துக்கொண்டு மூளையைக் கசக்குகிறார்கள். சரக்கோ பக்கத்து அறையில், தொலைபேசி எடுப்பவரிடமும் பழுது பார்ப்பவரிடமும் இருக்கிறது.

அமெரிக்காவில் பிளெண்ட்டெக் என்று ஒரு நிறுவனம். அரைக்கும் இயந்திரங்கள் செய்கிறது. 2006-ல் அங்கே மார்க்கெட்டிங் பொறுப்புக்கு வந்தவர் ஜார்ஜ் ரைட். வந்த புதிதில் சோதனை நடக்கும் அறையில் மரத்தூள் சிந்திக் கிடப்பதைப் பார்த்தார். இங்கே மரத்தூளுக்கு என்ன வேலை என்று விசாரித்தால், நிறுவனர் டாம் டிக்சன் மரக்கட்டையை உள்ளே போட்டு ஓட்டி, இயந்திரம் தாங்குகிறதா என்று பார்ப்பாராம். அங்கிருந்தவர்களுக்கு அது பழகிப்போன காட்சி. ரைட் அதற்குக் கேமராவைக் கொண்டுவந்தார். டிக்சனுக்கு ஒரு வெள்ளைக் கோட்டை மாட்டிவிட்டு, கோலிக்குண்டுகளை அரைக்கச் சொன்னார். முதல் சில வீடியோக்களுக்கு ஆன செலவு 50 டாலர் அளவுக்குத்தான். யூடியூப் தொடங்கி இரண்டு வருடம்கூட ஆகாத காலம் அது. சில நாட்களிலேயே லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். அடுத்த வருடம் ஐஃபோன் வெளிவந்ததும் அதையும் உள்ளே போட்டு அரைத்துக் காட்டினார்கள்.

ரைட் புதியவர் என்பதால் அது அவர் கண்ணில் பட்டது. பத்து வருடம் அங்கேயே இருந்திருந்தால் அவரும் மரத்தூளைத் தாண்டித்தான் நடந்திருப்பார். அதனால் உங்கள் நிறுவனத்தில் யார் புதிதாகச் சேர்ந்தாலும், எந்தப் பிரிவாக இருந்தாலும், முதல் மாதம் முடிவதற்குள் அவரைப் பிடித்து உட்காரவைத்துக் கேளுங்கள்: “இங்கே வந்ததும் உங்களுக்கு விசித்திரமாகப் பட்டது எது?” அவர் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் பதில் கிடைக்காது. அதற்குள் அவரும் பழகிவிடுவார்.

அடுத்த இடம் வாடிக்கையாளர்களின் கேள்விகள். இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். அலுவலக நாற்காலி செய்யும் நிறுவனம் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். அதன் பக்கத்தில் என்ன இருக்கும்? நாற்காலியின் படம், “சொகுசின் மறுபெயர்” என்று ஒரு வரி, தள்ளுபடி அறிவிப்பு. வாடிக்கையாளர் சேவையில் இருப்பவரிடம் போய், “போன வாரம் அதிகமாக வந்த கேள்வி எது?” என்று கேட்டால், அவர் யோசிக்காமலே சொல்வார்: “சாய்ந்தா கிரீச்னு சத்தம் வருது, என்ன பண்ணணும்?”

இந்த ஒரு கேள்வியிலிருந்து எத்தனை பதிவுகள் வருகின்றன பாருங்கள். முதலில், நேரடியான பதில். நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, இருக்கையின் அடியில் உள்ள திருகாணிகளை ஒவ்வொன்றாக இறுக்குவது, சாயும் இடத்தில் உராய்கிற பாகத்துக்கு எண்ணெய் விடுவது, பிறகு உட்கார்ந்து சாய்ந்து காட்டுவது. ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இதற்குப் பின்னணி இசை வேண்டாம். அந்தக் கிரீச் சத்தம் வீடியோவின் முதல் நொடியிலேயே காதில் விழ வேண்டும். அதே தொல்லை உள்ளவர் விரலால் தள்ளிக்கொண்டு போகும்போது நின்றுவிடுவார். அப்புறம், திருகாணி ஏன் தளர்கிறது என்று தொழிற்சாலையில் பொருத்துகிறவர் தன் வார்த்தையிலேயே சொல்லட்டும். ஒரே பக்கமாகச் சாய்ந்து உட்காருகிறவர் நாற்காலியில் எந்தப் பாகம் முதலில் தேய்கிறது என்று, பழுதுக்கு வந்த நாற்காலியையே காட்டலாம். சோதனைக் கூடத்தில் ஓர் இயந்திரம் இருக்கையைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்க்குமே, அதை வேகப்படுத்தாமல் காட்டலாம். “உங்கள் நாற்காலி என்ன சத்தம் போடுகிறது, பதிவு செய்து அனுப்புங்கள், காரணத்தை நாங்கள் சொல்கிறோம்” என்று கேட்டால், வருகிற ஒவ்வொரு சத்தமும் இன்னொரு பதிவு. கடைசியாக, எப்போது ரிப்பேர் செய்யாமல் தூக்கிப் போட்டுவிட வேண்டும் என்பதையும் சொல்லலாம். இதைச் சொல்ல நிறுவனங்கள் தயங்கும். எனக்குத் தெரிந்து ஆட்கள் சேமித்து வைத்துக்கொள்வதும் நண்பருக்கு அனுப்புவதும் இப்படிப்பட்ட பதிவுகளைத்தான். விருப்பக் குறிகளின் எண்ணிக்கையைவிட அந்த இரண்டையும் கவனித்தால், பதிவு உண்மையில் யாருக்காவது பயன்பட்டதா என்பது தெரியும்.

கேள்விகளைக் குறித்துவைக்கும்போது ஒன்று முக்கியம். வாடிக்கையாளரின் வாயிலிருந்து வந்தபடியே எழுதிவையுங்கள். “சாய்வு அமைப்பில் ஏற்படும் ஒலி” என்று திருத்தி எழுதினால் அது செத்துவிட்டது. மக்கள் தேடுவதும் “கிரீச் சத்தம்” என்றுதான்.

இது சமூக ஊடகம் வந்த பிறகு பிறந்த சமாச்சாரமும் அல்ல. 1895-லேயே விவசாயக் கருவிகள் செய்யும் ஜான் டீர் நிறுவனம் விவசாயிகளுக்கென்று ஒரு பத்திரிகை தொடங்கியது. 1900-ல் பிரான்ஸில் டயர் செய்த மிஷெலின் சகோதரர்கள், கார் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு கையேட்டை இலவசமாகக் கொடுத்தார்கள். பெட்ரோல் எங்கே கிடைக்கும், பழுது பார்ப்பவர் எந்த ஊரில் இருக்கிறார், டயரை எப்படி மாற்றுவது, இரவு எங்கே தங்கலாம் — இவைதான் உள்ளே. அந்த நாட்டில் கார்களே சில ஆயிரம்தான் இருந்த நேரம். ஆட்கள் அதிகம் பயணம் போனால் டயர் தேயும், தேய்ந்தால் புதிது வாங்குவார்கள். கணக்கு அவ்வளவுதான்.

மூன்றாவது இடம், நிறுவனத்தின் பதிவேடுகள். பாட்டுக் கேட்கும் செயலியான ஸ்பாட்டிஃபை ஒவ்வொரு ஆண்டின் இறுதியிலும் “இந்த வருடம் நீங்கள் அதிகம் கேட்ட பாட்டு இது” என்று பட்டியல் போட்டுத் தருகிறது. ‘ராப்ட்’ என்ற பெயரில் 2016-லிருந்து வருகிறது. யார் எதைக் கேட்டார்கள் என்பது அவர்கள் கணினியில் ஏற்கெனவே கிடந்த தகவல்தான். அதை அவரவருக்கே காட்டும்படி செய்ததும், கோடிக்கணக்கான பேர் தாங்களாகவே பகிர்ந்தார்கள். சின்ன நிறுவனத்திடமும் இப்படி ஏதாவது இருக்கும். எந்த நிறம் எந்த மாதத்தில் அதிகம் விற்கிறது, எந்த உதிரிபாகத்தை அதிகம் கேட்கிறார்கள், திருப்பி அனுப்புகிறவர்கள் என்ன காரணம் எழுதுகிறார்கள். தனி ஆளின் விவரம் வெளியே போகக் கூடாது, அது மட்டும் ஜாக்கிரதை. வாடிக்கையாளர் எடுத்த படத்தைப் போடுவதற்கும் இதே பேச்சுதான்: உங்கள் பெயரைக் குறிப்பிட்டிருக்கிறார் என்பதால் படம் உங்களுடையது ஆகிவிடாது. கேட்டுவிட்டுப் போடுங்கள், பெயரையும் போடுங்கள்.

சரி, டிரெண்டிங் விஷயத்துக்கு, அதாவது அந்த நேரத்தில் எல்லாரும் பேசிக்கொண்டிருப்பதைப் பிடித்துப் பதிவு போடுவதற்கு வருவோம். நேயர்களில் சிலர் இதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ஓரியோ பிஸ்கட் கதை எல்லாரும் சொல்வது. 2013 பிப்ரவரி 3, அமெரிக்கக் கால்பந்து இறுதிப்போட்டி. நடுவில் மின்சாரம் போய் 34 நிமிடம் ஆட்டம் நின்றது. “இருட்டிலும் தொட்டுச் சாப்பிடலாம்” என்கிற அர்த்தத்தில் ஒரு படத்தை ஓரியோ ட்விட்டரில் போட்டது, உலகமே பேசியது. இதைச் சொல்லிவிட்டு, “பார்த்தீர்களா, சமயோசிதம்!” என்று முடிப்பார்கள். எனக்கு அதில் பிடித்தது வேறு. அன்று எழுதுகிறவர், படம் வரைகிறவர், நிறுவனத்தின் சார்பில் ‘சரி’ சொல்லும் அதிகாரம் உள்ளவர் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்திருந்தார்கள். முன்கூட்டியே அப்படி ஏற்பாடு. அதே வரி உங்கள் ஊழியருக்கும் தோன்றியிருக்கலாம். ஆனால் அது மேலாளருக்கு மின்னஞ்சலில் போய், அவர் சட்டப் பிரிவுக்கு அனுப்பி, அங்கிருந்து திரும்பி வருவதற்குள் விளக்கு வந்திருக்கும், ஆட்டமும் முடிந்திருக்கும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 2014-ல் அமெரிக்காவில் ஒரு பீட்சா நிறுவனம், டிரெண்டிங்கில் இருந்த ஒரு ஹேஷ்டேக்கை (# குறியோடு வரும் தலைப்புச் சொல்) பார்த்துவிட்டு அதில் தன் பீட்சாவைச் சேர்த்து விளையாட்டாகப் போட்டது. அந்த ஹேஷ்டேக்கில் பெண்கள் எழுதிக்கொண்டிருந்ததோ, தங்களை அடித்துக் கொடுமைப்படுத்திய துணையை விட்டு ஏன் உடனே விலக முடியவில்லை என்பதை. பதிவை நீக்கிவிட்டு மன்னிப்புக் கேட்டார்கள். மேலே இருந்த பத்துப் பதிவுகளைப் படித்திருந்தால் போதும், தப்பியிருக்கலாம்.

டிரெண்டிங் பற்றி என் சொந்த அபிப்பிராயம்: மாதத்துக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். எல்லாரும் ஆடும் அதே இசைக்கு உங்கள் ஊழியர்களும் ஆடினால், பார்க்கிறவருக்கு இசை நினைவிருக்கும், நீங்கள் யார் என்பது நினைவிருக்காது. ‘உலக அந்த நாள்’, ‘சர்வதேச இந்த நாள்’ வாழ்த்துகளையும் இதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பூப்படத்தின் மூலையில் லோகோவை ஒட்டிப் போட்ட வாழ்த்துக்காக ஒருவரும் உங்களைப் பின்தொடர்வதில்லை.

செயற்கை நுண்ணறிவிடம் யோசனை கேட்கலாமா என்று இப்போது எல்லாரும் கேட்கிறார்கள். கேளுங்கள், தப்பில்லை. ஆனால் “நாற்காலி நிறுவனத்துக்கு முப்பது பதிவு யோசனை கொடு” என்று கேட்டால், போட்டி நிறுவனத்துக்குக் கிடைக்கும் அதே முப்பதுதான் உங்களுக்கும் கிடைக்கும். நீங்கள் சேர்த்துவைத்த கேள்விகளை, பெயர்களை எடுத்துவிட்டு, அதன் முன்னால் வைத்து, “இதில் திரும்பத் திரும்ப வருவது எது, எதற்கு நாங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை?” என்று கேட்டால் வேறு மாதிரி பதில் வரும்.

இன்னொரு தயக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். “இதை ஏற்கெனவே போட்டாச்சு சார்.” போட்டால் என்ன? உங்களைப் பின்தொடர்கிற எல்லாருக்கும் எல்லாப் பதிவும் போய்ச் சேர்வதில்லை. எதை யாருக்குக் காட்டுவது என்பதை அந்தத் தளத்தின் அல்காரிதம் முடிவு செய்கிறது. போன வருடம் நன்றாகப் போன பதிவை எடுங்கள். வீடியோவாக இருந்தால் படங்களாக மாற்றுங்கள். படமாக இருந்தால் அதன் கமெண்ட்டில் வந்த சண்டையை எடுத்து இன்னொரு பதிவாக்குங்கள். நமக்குத்தான் அது சலித்துப்போயிருக்கும், ஏனென்றால் வெளியே போகும் முன்பே அதை நாம் இருபது தடவை பார்த்திருப்போம்.

நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று சொல்கிறேன். வாடிக்கையாளர் சேவையில் இருப்பவரிடம் அரை மணி நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த மாதம் வந்த கேள்விகளில் அவருக்கே எரிச்சல் ஊட்டியது எது என்று கேளுங்கள். அவர் சொல்லத் தொடங்கியதும் குறுக்கே பேசாதீர்கள், போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். ‘சரி’ சொல்லும் அதிகாரம் உள்ளவரையும், முடிந்தால், பக்கத்திலேயே உட்காரவைத்துவிடுங்கள்.

வாய்ப்புக்கு நன்றி. வணக்கம்.