பல் டாக்டர் செட் பொம்மையில டிரில் எதுக்கு?

ரெக்கார்ட் ஆகுதா... ஆகுது. சரி, இன்னிக்கு கொஞ்சம் கடுப்புலதான் உக்காந்திருக்கேன். காரணம் இந்தப் பெட்டி. குழந்தைங்களுக்கான பல் டாக்டர் செட்டாம். திறந்தா என்ன இருக்கு பாருங்க. உள்ளங்கை நீளத்துக்கு ஒரு குறடு, கட்டைவிரல் மொத்தத்துக்கு ஒரு ஊசி, பட்டனை அமுக்குனா கர்ர்ருனு கத்துற டிரில். வாய்க்குள்ள விட்டுப் பல்லைப் பாக்குற கண்ணாடி? வெறும் ஸ்டிக்கர்! முதல் தடவை பல் டாக்டர்கிட்ட போற குழந்தை வாய்க்குள்ள நிச்சயமா போற சாமான் கண்ணாடி ஒண்ணுதான். அதை ஸ்டிக்கரா ஒட்டிட்டு டிரில்லுக்கு பேட்டரி போட்டிருக்காங்க. பயம் போகணும்னு வாங்குற பொம்மை, இல்லாத பயத்தையும் சேத்துக் கொடுக்குது. மூடி வச்சுட்டேன்.

இதுக்குப் பதிலா, டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி வீட்டுலயே பழக்க... ஆமா, ஸ்பூன்தான். பழைய வீடியோ பாத்தவங்க சிரிக்காதீங்க. சின்ன டீஸ்பூன், அதோட முதுகுப் பக்கம்தான் நம்ம கண்ணாடி. அப்படியே எடுத்து வாயில வைக்காதீங்க. உலோகம் சில்லுனு இருக்கும், பல்லுல பட்டா கூசும், மூச்சு பட்டு பனியும் படியும். வெதுவெதுப்பான தண்ணியில அரை நிமிஷம் போட்டு, தொடச்சு, உங்க மணிக்கட்டுல வச்சுப் பாத்துட்டு கொடுங்க. முதல்ல குழந்தை உங்க பல்லைப் பாக்கட்டும், அப்புறம் நீங்க. முன்பல், கன்னத்தோட உள்பக்கம், அதோட போதும். நாக்கோட பின்பக்கம் பட்டா குமட்டும். ஒரு தடவை குமட்டிடுச்சுன்னா அடுத்த நாலு நாளைக்கு அந்த ஸ்பூனைப் பாத்தாலே வாயை மூடிக்கும்.

டிரில் சத்தத்துக்குத்தான் பயம்னு நினைக்கிறோம் இல்ல? அது ரெண்டாவது. அதுக்கு முன்னாடியே படுக்குறதுல பயம் வந்துடுது. நாற்காலி பின்னால சாயுது, கண்ணுல லைட் அடிக்குது, முகத்துக்கு மேல தெரியாத ஒரு முகம், வாய் திறந்திருக்கு, பேச முடியல. பெரியவங்களுக்கே ஒரு மாதிரி இருக்கும். அதனால பழக்க வேண்டியது படுக்குறதை. ரெண்டு வாரம், ராத்திரி பல் தேய்க்குறப்போ ரெண்டு நிமிஷம். மடியில தலை வச்சுப் படுக்க வச்சு, மேலருந்து பாத்துப் பல்லை எண்ணுங்க. பால் பல் மொத்தம் 20, எண்ணி முடிச்சா ஆட்டம் முடிஞ்சது. ஒரு வாரம் கழிச்சு டார்ச். நேரா கண்ணுல அடிக்காம, தாடைப் பக்கத்துலருந்து மேல கொண்டு வாங்க.

அப்புறம் கை சிக்னல். குழந்தை இடது கையைத் தூக்குனா நிறுத்தணும். ஏன் இடது? வலது கைப் பழக்கமுள்ள டாக்டர் குழந்தையோட வலது பக்கம் உக்காருவாங்க, அந்தப் பக்கம் கை தூக்குனா கருவியில இடிக்கும். வீட்டுல கை தூக்குன அந்த நொடியே நிறுத்துங்க. "இரு இரு, இதோ முடிஞ்சுது"ன்னு ஒரு தடவை சொன்னீங்கன்னா சிக்னல் செத்துப்போச்சு. சில வாண்டுங்க ரெண்டு செகண்டுக்கு ஒரு தடவை தூக்கும். அப்போ "5 எண்ணுற வரைக்கும்"னு பேசிக்குங்க, 5-ல நிறுத்துங்க. ஆறாவது எண்ணக் கூடாது, ஆமா!

ஐயோ, ஒண்ணு விட்டுட்டேன். இதெல்லாம் 3 வயசுக்கு மேல. அதுக்குக் கீழன்னா முட்டிக்கு முட்டி. நீங்களும் டாக்டரும் எதிரெதிரே முட்டி தொடுற மாதிரி உக்காரணும். குழந்தை உங்களைப் பாத்து மடியில, கால் ரெண்டும் உங்க இடுப்பைச் சுத்தி. மெதுவா பின்னால சாய்ச்சா தலை டாக்டர் மடியில போயிடும், உங்க முகம் அதுக்குத் தெரிஞ்சுகிட்டே இருக்கும். அழும், அழட்டும். அழுற வாய் நல்லா திறந்திருக்கும், டாக்டர் அதுக்குள்ள பாத்து முடிச்சுடுவாங்க.

வார்த்தைக்கு வருவோம், எனக்கு ரொம்ப எரிச்சல் இதுலதான். "வலிக்கவே வலிக்காது"ன்னு சொல்லாதீங்க. குழந்தை காதுல விழுறது 'வலி' மட்டும்தான். அதுவரைக்கும் அதைப் பத்தி யோசிச்சிருக்கவே மாட்டான். "கூசும்", "தண்ணி பீச்சும்", "ஒரு குழாய் எச்சிலை உறிஞ்சும்"னு நடக்கப்போறதைச் சொல்லுங்க. ஊசியைப் பத்தி நீங்க வாயே திறக்காதீங்க, அதை எப்படிச் சொல்லணும்னு டாக்டருக்குத் தெரியும். சேட்டை பண்ணா ஊசி போடச் சொல்லுவேன்னு மிரட்டுறவங்க... வேண்டாம், திட்டிடுவேன்.

குழந்தைங்க பல் டாக்டர்கள் செய்யுற முறைக்குப் பேரு சொல்லு-காட்டு-செய், 1959-ல ஆடல்ஸ்டன்னு ஒரு பல் டாக்டர் எழுதினது. சுத்தம் பண்ற பிரஷ்னு முதல்ல சொல்லி, அதை விரல் நகத்துல ஓட்டிக் காட்டி, அப்புறம்தான் பல்லுல. வீட்டுல பேட்டரி பிரஷ் இருந்தா இதே வரிசையில செய்யுங்க. நகம், உதடு, அப்புறம் பல். சத்தமும் அதிர்வும் சேந்தே பழகிடும்.

அப்பாயின்ட்மென்ட் காலையில வாங்குங்க, தூங்குற நேரத்துல வேண்டவே வேண்டாம். வயிறு முட்டச் சாப்பிட வச்சும் கூட்டிட்டுப் போகாதீங்க, குமட்டுனா மொத்தமும் வெளிய வந்துடும். போன்லயே ரெண்டு கேள்வி கேட்டுடுங்க: முதல் நாள் வெறும் பாக்குறது மட்டும் பண்ணுவீங்களா, நான் உள்ள கூட இருக்கலாமா. முதல் பல் வந்து 6 மாசத்துக்குள்ள, இல்லேன்னா 1 வயசுக்குள்ள முதல் விசிட் முடிக்கணும். பல் வலி வந்தப்புறம் முதல் தடவை போனா, அந்த இடமும் வலியும் ஒண்ணுன்னு மனசுல பதிஞ்சுடும்.

கூலிங் கிளாஸ்! டார்ச் சொல்றப்பவே சொல்லியிருக்கணும். குழந்தையோட சொந்தக் கண்ணாடியைப் பையில போட்டுக்குங்க, அந்த லைட்டுக்கு அவ்வளவு உதவும். அப்புறம், மரத்துப்போற ஊசி போட்டிருந்தா ரெண்டு மூணு மணி நேரம் உதடு உணர்வே இல்லாம இருக்கும். வேடிக்கையா இருக்குன்னு கடிச்சுக் கடிச்சுப் பாக்கும், சாயங்காலம் உதடு வீங்கி நிக்கும். உணர்வு திரும்புற வரைக்கும் மெல்லுற சாப்பாடு எதுவும் கொடுக்காதீங்க, வாயையே பாத்துகிட்டு இருங்க.